வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

அரசுப் பள்ளியில் விடுப்புக் கடிதம் எழுதும் பிள்ளைகளுக்குத் தெரிந்த காரணம் அநேகமாக ஒன்றுதான்: காய்ச்சல். பக்கவாதத்தில் விழுந்த அப்பாவின் சிறுநீர்ப் பை நிறைந்துவிட்டது, அம்மா வேலைக்குப் போய்விட்டார், மாற்ற ஆளில்லை என்று எந்த எட்டாம் வகுப்புப் பையனும் எழுதுவதில்லை. எழுதக் கூச்சம், எழுதினால் ஆசிரியர் எல்லோர் முன்னாலும் கேட்டுவிடுவாரோ என்ற பயம். அதனால் பள்ளியைப் பொறுத்தவரை அவன் அடிக்கடி காய்ச்சல் வருகிற பையன். காலை வழிபாட்டுக்குப் பிந்தி வந்து வெளியே நிற்கிற பையன்.

நோயில் விழுந்த தாய் தந்தையையோ, தாத்தா பாட்டியையோ, மாற்றுத்திறனாளியான தம்பி தங்கையையோ கவனித்துக்கொள்ளும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கடைக்குப் போய்வருவது, பாத்திரம் கழுவுவது பற்றிய பேச்சல்ல இது. படுத்த படுக்கையாகிவிட்டவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் இடுப்பிலும் குதிகாலிலும் புண் வைத்துவிடும். 12 வயதுப் பிள்ளையால் 60 கிலோ உடம்பைத் தூக்க முடியாது. விரிப்பின் ஓரத்தைப் பிடித்து, கால்களைச் சுவரில் ஊன்றி, இழுத்துத்தான் புரட்டும். வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை திரவப் பையை மாற்ற வேண்டும். கை சுத்தமில்லாமல் இணைப்பைத் தொட்டுவிட்டால் வயிற்றுக்குள் கிருமி போய்விடும். பயிற்சி பெற்றவர்களே கவனமாகச் செய்யும் வேலை இது.

கண்ணுக்குத் தெரியாத வேலைகள் இன்னும் கனமானவை. மனச்சிதைவு நோயுள்ள அம்மா மாத்திரையை விழுங்கினாரா, கன்னத்தில் ஒதுக்கிவைத்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் பள்ளிக்கு ஓடும் சிறுமிக்கு, நாள் முழுக்க மனம் வீட்டிலேயே இருக்கும். காது கேளாத பெற்றோரின் பிள்ளை மருத்துவமனையில் மருத்துவர் சொல்வதைக் கைச்சாடையில் அம்மாவுக்குச் சொல்கிறது. அங்கே சைகைமொழி தெரிந்தவர் இல்லையென்றால், கட்டி புற்றுநோயாகத்தான் இருக்கும் என்பதையும் அந்தப் பிள்ளைதான் சொல்ல வேண்டும்.

இந்தப் பிள்ளைகளை நாம் திட்டுவதில்லை, பாராட்டுகிறோம். 'இந்த வயசுல எவ்வளவு பொறுப்பு பாருங்க!' பாராட்டில் பொய்யில்லை. ஆனால், அதைக் கேட்டு வளரும் பிள்ளை 'என்னால முடியல' என்று ஒருநாளும் வாய்திறக்காது. பெண்பிள்ளை என்றால் பாராட்டுகூடக் கிடைப்பதில்லை. அவள் செய்ய வேண்டியதைத்தானே செய்கிறாள் என்று விட்டுவிடுகிறோம். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, 6 வயது முதல் எல்லோரிடமும் அன்றாட நேரம் எப்படிப் போகிறது என்று கேட்டது. வீட்டில் உள்ளவர்களைக் கூலியின்றிப் பராமரிக்கும் வேலையில் ஈடுபட்டவர்கள் பெண்களில் 27.6%, ஆண்களில் 14%. இதில் குழந்தை வளர்ப்பும் அடங்கும் என்றாலும், சுமை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் சந்தேகமில்லை. 

குடும்பப் பராமரிப்பை நம்மைப் போலவே கடமையாகவும் கௌரவமாகவும் கருதும் நாடு ஜப்பான். வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது என்பதில் நம்மைவிட ஒரு படி மேல். அங்கே அரசு நடத்திய ஆய்வின் முடிவு 2021இல் வந்தது: நம் எட்டாம் வகுப்புக்கு இணையான வகுப்பில் 5.7% பேர், அதாவது ஏறக்குறைய 17 பேருக்கு ஒருவர், குடும்பத்தில் யாரையோ கவனித்துக்கொள்கிறார்கள். ஒரு வகுப்பறையில் இரண்டு பேர்! நாடே திடுக்கிட்டது. சைதாமா மாநிலம் அதற்கு முன்பே, 2020இல், பராமரிப்பாளர்களுக்கான ஆதரவுச் சட்டத்தில் இந்தப் பிள்ளைகளையும் சேர்த்திருந்தது. 2024இல் தேசியச் சட்டமும் திருத்தப்பட்டது.

சட்டம் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இங்கிலாந்து சாட்சி. இத்தகைய பிள்ளைகளின் தேவையை உள்ளாட்சி அமைப்பு மதிப்பிட வேண்டும் என்று 2014இலேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 5 முதல் 17 வயதுக்குள் சுமார் 1.2 லட்சம் பிள்ளைகள் பராமரிப்பாளர்களாக இருப்பது தெரிந்தது. 2023இல் பள்ளிகளிடம் முதன்முறையாக இந்தக் கணக்கைக் கேட்டபோது, வந்த எண்ணிக்கை சுமார் 39 ஆயிரம்தான். பெரும்பாலான பள்ளிகள் தங்களிடம் ஒருவர்கூட இல்லை என்றன. பிள்ளை தானாகச் சொல்லாது, கேட்டால்தான் தெரியும்; கேட்பவரிடம் நம்பிக்கையும் இருக்க வேண்டும்.

நம் ஊரில் அந்த நம்பிக்கைக்குக் குறுக்கே நிற்பது ஒரு நியாயமான பயம். 'வெளியே சொன்னா பிள்ளையை ஹோமுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடுவாங்க.' கவனித்துக்கொள்ள இயலாத நிலையில் பெற்றோர் இருந்தால், 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் அந்தப் பிள்ளையை 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' என்ற வரையறைக்குள் கொண்டுவர முடியும். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று சொல்வதும் அதே சட்டம்தான். ஆனால், அந்த இரண்டாவது செய்தி குடிசைவரை போய்ச் சேரவில்லை.

உதவியே இல்லை என்று சொல்ல மாட்டேன். மத்திய அரசின் 'மிஷன் வாத்சல்யா'வில், பெற்றோர் கொடிய நோயால் பாதிக்கப்பட்ட அல்லது செயலிழந்த குடும்பத்துப் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத்தொகை உண்டு. ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய 'அன்புக்கரங்கள்' மாதம் 2,000 ரூபாய் தருகிறது. அது முதன்மையாக, பெற்றோர் இருவரையும் இழந்த, அல்லது ஒருவரை இழந்து மற்றவரால் வளர்க்க இயலாத பிள்ளைகளுக்கானது. இரண்டுமே தேவையானவை. ஆனால், அப்பா படுக்கையில், அம்மா கூலி வேலையில், இருவரும் உயிருடன் என்றிருக்கும் வீட்டில் பகல் முழுக்க அப்பாவோடு இருப்பது யார்? அம்மா வீட்டில் இருந்தால் அடுப்பு எரியாது. போனால் பிள்ளை பள்ளிக்கு வராது. இந்த முடிச்சைப் பணம் மட்டும் அவிழ்த்துவிடாது. அங்கே தேவைப்படுவது இன்னொரு ஜோடிக் கை.

அந்தக் கைகளை வீட்டு வாசல்வரை கொண்டுபோகும் ஏற்பாடு நம்மிடம் இருக்கிறது என்பதுதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளோடு நிற்பதில்லை. வலிதணிப்புச் செவிலியர், இயன்முறை மருத்துவர், டயாலிசிஸ் பை வரை வீட்டுக்கு வருகின்றன. அந்தத் திட்டத்தின் ஊழியர் நோயாளியின் ரத்த அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளும்போது ஒரு கேள்வி சேர்த்துக் கேட்கலாம்: இவரை வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்கள்? பதில் 18 வயதுக்குக் கீழ் என்றால், அந்த வீட்டுக்குச் செவிலியர் வரும் நாட்கள் கூட வேண்டும். நோயாளிக்குக் கிடைக்கும் ஒவ்வொரு மணி நேரப் பராமரிப்பும் பிள்ளைக்குப் பள்ளியில் கிடைக்கும் ஒரு மணி நேரம்.

பள்ளிகளின் 'எமிஸ்' தளத்தில் மாணவரின் ரத்த வகைவரை பதிகிறோம். வீட்டில் நோயாளியைக் கவனித்துக்கொள்கிறாரா என்பதையும் பதியலாம், ஆனால், வகுப்பறையில் கை தூக்கச் சொல்லி அல்ல. வகுப்பாசிரியர் தனியாக அழைத்து, சாப்பிட்டாயா என்று தொடங்கிக் கேட்க வேண்டிய விஷயம். தெரிந்தபின் செய்யக்கூடியவை பலவும் செலவில்லாதவை. பிந்தி வந்தால் வெளியே நிறுத்தாமல் இருப்பது. மதிய இடைவேளையில் தலைமையாசிரியர் அறையிலிருந்து வீட்டுக்கு ஒரு போன் பேச விடுவது: மாணவர்கள் கைபேசி கொண்டுவரக் கூடாது என்பது சரியான விதிதான், ஆனால் அம்மா விழுந்துவிட்டாரோ என்று பதறும் பிள்ளைக்கு அந்த இரண்டு நிமிடப் பேச்சு இல்லாமல் பிற்பகல் பாடம் எதுவும் ஏறாது. காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. விடிவதற்கு முன் எழுந்து எல்லோருக்கும் சமைத்துவைத்துவிட்டுத் தான் வெறும் வயிற்றோடு வருபவர்கள் அதற்கு மேல் வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்களையும் அந்தப் பந்தியில் உட்காரவைக்க முடியாதா?

ஒன்றில் கவனம் வேண்டும். அந்தப் பிள்ளை அப்பாவை நேசிக்கிறது. அவருக்குச் சோறூட்டுவதை யாரும் அதனிடமிருந்து பறிக்க வேண்டியதில்லை. அதில் அதற்கு ஒரு பெருமிதம் உண்டு. மலம் அள்ளுவதும், இரவெல்லாம் விழித்திருப்பதும், தன் தவறால் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நடுங்குவதும்தான் அதன் வேலையாக இருக்கக் கூடாது.

முதலில் எங்கே தொடங்குவது என்று கேட்டால், பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் தொடங்கலாம் என்பேன். ஐந்து பாடங்கள், ஐந்து முற்பகல்கள். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் மாணவர்களின் பட்டியலைத் தலைமையாசிரியர் பிப்ரவரியிலேயே ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவிட வேண்டும். அந்த ஐந்து நாட்களும் காலை ஒன்பது மணி முதல் இரண்டு மணிவரை அந்த வீட்டில் ஒரு பெரியவர் இருப்பதைச் சுகாதாரத் துறை உறுதிசெய்ய வேண்டும்.