காட்டுப்பள்ளிக் குழந்தையின் தூக்கம் யார் பொறுப்பு?

வளர்ச்சிசார் குறைபாடுள்ள குழந்தைகள் இரவில் தூங்காமல் இருப்பதைக் குறைபாட்டோடு ஒட்டிப் பிறந்த, மாற்ற முடியாத ஒன்றாகவே பல குடும்பங்கள் ஏற்றுக்கொண்டுவிடுகின்றன. ‘இவன் அப்படித்தான்’ என்று மருத்துவரும் சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பாதிப்பேருக்கு மேல், சில ஆய்வுகளின்படி ஐந்தில் நான்கு பேருக்குத் தூக்கப் பிரச்சினை இருக்கிறது. மற்ற குழந்தைகளிடம் இது ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத்தான். மூளை முடக்குவாதம், டவுன் சிண்ட்ரோம், அறிவுசார் குறைபாடு, கவனக்குறைவு மிகையியக்கம் உள்ளவர்களிடமும் இது அதிகம். இவ்வளவு பரவலாக இருப்பதாலேயே இதை விதி என்று விட்டுவிட வேண்டியதில்லை. காரணத்தை வரிசையாகத் தேடினால் பெரும்பாலான குழந்தைகளின் இரவைச் சீராக்க முடியும். முதலில் உடம்பு, அடுத்து பழக்கம், பிறகு சுற்றுப்புறம், கடைசியில் மருந்து என்பதே அந்த வரிசை.

வட சென்னையின் தொழிற்பகுதியில் இந்த வரிசையின் மூன்றாவது படி மிகப் பெரியது. ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலை ஆற்றின் காயலுமாக இருக்கும் காட்டுப்பள்ளி, திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தைச் சேர்ந்தது. 1990களில் வட சென்னை அனல்மின் நிலையம், 2001இல் இன்று காமராஜர் துறைமுகம் எனப்படும் எண்ணூர்த் துறைமுகம், 2010இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம், 2013 முதல் காட்டுப்பள்ளித் துறைமுகம் என்று இப்பகுதிக்கு வந்தவை எல்லாம் இரவு பகலாக இயங்குபவை. இவற்றுக்கு நடுவே மீனவக் குப்பங்களும் ஒப்பந்தத் தொழிலாளர் குடியிருப்புகளும் இருக்கின்றன. அங்கே ஒரு குழந்தை தூங்காவிட்டால் தாயின் வளர்ப்பை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

தூக்கம் குறைந்தால் என்ன ஆகும்?

அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட பரிந்துரையின்படி 3 முதல் 5 வயதுவரை பகல் தூக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரமும், 6 முதல் 12 வயதுவரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் தேவை. வளர்ச்சிசார் குறைபாடுள்ள குழந்தைக்கு இது குறைந்தால் கேடு இரட்டிப்பாகிறது. பேச்சுப் பயிற்சியிலும் இயன்முறைப் பயிற்சியிலும் பகலில் கற்றுக்கொண்டது மனதில் தங்குவதில்லை. முரட்டுத்தனமும் தன்னையே அடித்துக்கொள்வதும் கூடுகின்றன. வலிப்பு உள்ள குழந்தைக்குத் தூக்கக் குறைவே வலிப்பைத் தூண்டிவிடும். இரவெல்லாம் உடன் விழித்திருக்கும் தாய் காலையில் சமைத்து, மற்ற பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, வேலைக்கும் போக வேண்டும்.

முதலில் உடம்பு

வலியையோ அரிப்பையோ சொல்லத் தெரியாத குழந்தை அதை விழித்திருப்பதன் மூலம்தான் காட்டும். ஆகவே, பழக்கத்தைத் திருத்துவதற்கு முன்பு உடம்பைப் பார்த்துவிட வேண்டும். ஆசனவாயில் இரவு நேர அரிப்பைத் தரும் கீரிப்பூச்சி, விரலிடுக்கில் பரவும் சொறி, மலச்சிக்கல், சொத்தைப் பல், காதுவலி ஆகியவை எளிதில் கண்டுபிடிக்கக்கூடியவை. சாதாரண சிகிச்சைக்கே அடங்குபவை. இரும்புச்சத்துக் குறைந்தால் கால்களில் இனம்புரியாத உளைச்சல் ஏற்பட்டு, குழந்தை படுக்கையில் காலை உதைத்துக்கொண்டே இருக்கும். ஹீமோகுளோபின் அளவோடு, இரும்புச்சத்தின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பார்த்தால்தான் இது தெரியும். நிலக்கரித் தூசியும் சாம்பலும் பறக்கும் பகுதியில் பின்னிரவு இருமலும் இளைப்பும் தூக்கத்தைக் கலைக்கும். அந்த வீடுகளில் கொசுவத்திச் சுருளின் புகை நோயைக் கூட்டும், கொசுவலையே நல்லது.

குறைபாட்டுக்கு ஏற்பவும் காரணம் மாறும். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை குறட்டை விட்டாலோ, கழுத்தைப் பின்னுக்கு வளைத்தோ உட்கார்ந்தபடியோ தூங்கினாலோ தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். வெளிப்படையான அறிகுறி இல்லாவிட்டாலும் இவர்கள் அனைவருக்கும் நான்கு வயதுக்குள் தூக்கப் பரிசோதனை செய்ய அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் பரிந்துரைக்கிறது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு இரவில் தசை இறுக்கமும் இடுப்பு மூட்டு வலியும் உணவு எதுக்களிப்பும் வரும். தானாகப் புரண்டு படுக்க முடியாத அந்தக் குழந்தையைப் பக்கம் மாற்றிப் படுக்கவைத்து, சுருட்டிய துண்டுகளை முழங்காலுக்கு இடையிலும் முதுகுக்குப் பின்னாலும் முட்டாக வைத்தாலே விழிப்புகள் குறையக்கூடும்.

நடு இரவில் விறைப்பு, வாயில் நுரை, ஒரே மாதிரியான வெட்டல் ஆகியவை தெரிந்தால் வலிப்பாக இருக்கலாம். கெட்ட கனவா, வலிப்பா என்று பிரித்தறிய மருத்துவருக்கு மிகவும் உதவுவது கைபேசியில் எடுத்த ஒரு நிமிடக் காணொளி. கைக்குழந்தை தூங்கி எழும்போது தலையும் கைகளும் கொத்துக் கொத்தாகத் துள்ளினால் மறுநாளே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இதை மந்திரித்துக் கயிறு கட்டித் தள்ளிப்போடக் கூடாது.

நேரமும் வரிசையும்

உடம்பில் காரணம் இல்லை என்று தெரிந்த பிறகே பழக்கத்துக்கு வர வேண்டும். அதற்கு ஒரு பள்ளி நோட்டு போதும். படுக்கவைத்த நேரம், தூங்கிய நேரம், இடையில் விழித்த நேரம், காலையில் எழுந்த நேரம், பகல் தூக்கம் ஆகியவற்றை இரண்டு வாரம் குறித்துவைத்தால், ‘ராத்திரி பூரா தூங்கவே மாட்டான்’ என்ற பொதுவான புகார் ஒரு கணக்காக மாறும்.

அந்தக் கணக்கை வைத்துத் தொடங்கும் எளிய முறை ஒன்று உண்டு. ஒன்பது மணிக்குப் படுக்கவைத்தும் குழந்தை சராசரியாகப் பதினொன்றரைக்குத்தான் தூங்குகிறது என்றால், அந்த இரண்டரை மணி நேரமும் படுக்கை என்பது சண்டை போடும் இடமாகிவிடுகிறது. அதனால் சில நாட்களுக்குக் குழந்தையைப் பதினொன்றரைக்கே, நன்றாகத் தூக்கம் வரும் நேரத்தில் படுக்கவைக்க வேண்டும். பதினைந்து நிமிடங்களுக்குள் தூங்க ஆரம்பித்துவிட்டால் படுக்கும் நேரத்தைக் கால் மணி நேரம் முன்னுக்குக் கொண்டுவரலாம். இப்படி மெல்ல மெல்ல ஒன்பதரையை எட்டலாம். எந்நேரம் தூங்கினாலும் காலையில் எழுப்பும் நேரம் மட்டும் மாறவே கூடாது. ஞாயிற்றுக்கிழமைக்கும் விலக்கு இல்லை.

படுப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் தினமும் ஒரே வேலைகள், ஒரே வரிசையில் நடக்க வேண்டும். முகம் கை கால் கழுவுதல், உடை மாற்றுதல், கழிப்பறை, ஒரு தாலாட்டு, விளக்கணைத்தல் என்று ஐந்தே படிகள் போதும். சொன்னதைவிடப் பார்த்ததை எளிதில் புரிந்துகொள்ளும் குழந்தைகளுக்கு, அந்த ஐந்தையும் படங்களாக ஒட்டிய அட்டை ஒன்றைச் சுவரில் மாட்டி, முடிந்த படத்தை அதன் கையாலேயே கழற்றவைக்கலாம். தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கைபேசியையும் டிவியையும் அணைத்துவிட வேண்டும். மாலைக்குப் பிறகு காபி, டீ தரக் கூடாது. பகல் தூக்கம் நான்கு மணிக்கு மேல் நீளக் கூடாது. காலை வெயிலில் அரை மணி நேரம் விளையாடவிடுவது உடலின் கடிகாரத்தைச் சரிசெய்ய உதவும்.

மேலைநாட்டு வழிகாட்டிகள் குழந்தையைத் தனி அறையில் அழவிட்டுப் பழக்கச் சொல்வதுண்டு. ஒரே பாயில் குடும்பமே படுக்கும் வீட்டில் அதற்கு வழியில்லை. தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும் குழந்தைக்கு அது ஆபத்தும்கூட. தாய் அருகில் படுப்பது தவறாகாது. தாய் தட்டிக்கொடுத்தால்தான் தூக்கம் என்ற நிலையைப் படிப்படியாகத் தளர்த்தினால் போதும். முதல் வாரம் தட்டாமல் கையை மட்டும் மேலே வைத்திருக்கலாம். அடுத்த வாரம் கையை எடுத்துவிட்டு அருகில் உட்காரலாம். அதற்கடுத்து ஓரடி தள்ளி உட்காரலாம். நடு இரவில் விழித்தாலும் அதே அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். விளக்கைப் போட்டுப் பேச்சுக் கொடுப்பதும் தின்பண்டம் தருவதும் கைபேசியை நீட்டுவதும் விழிப்பதற்குத் தரும் பரிசாகிவிடும்.

ஒற்றை அறையும் ஷிப்ட் வேலையும்

இரண்டாம் ஷிப்ட் முடித்து அப்பா இரவு பதினொரு மணிக்கு வந்து சாப்பிடுவார். மீனவர் வீட்டிலோ கடலுக்குப் போக விடியுமுன்பே எழுந்து விளக்கைப் போடுவார்கள். இரண்டுமே தவிர்க்க முடியாதவை. குழந்தை படுக்கும் மூலையைக் கதவுக்கும் அடுப்புக்கும் எதிர்ப்பக்கமாக மாற்றி, பழைய சேலையை இரட்டையாக மடித்துத் திரை கட்டி, சாப்பாட்டுக்குத் தரையோரம் ஒரு சிறு விளக்கை மட்டும் எரியவிட்டால் பாதிப்பு குறையும். ஜன்னல் வழியே உயர்கோபுர விளக்கின் வெளிச்சம் வந்தால் கருந்துணியால் மறைக்க வேண்டும். ஆனால், ஷீட் கூரை வீட்டில் சித்திரை மாதத்தில் காற்றை அடைத்தால் புழுக்கமே எழுப்பிவிடும் என்பதால் மேற்பாதியை மட்டும் மறைப்பது பொருத்தம். மின்விசிறியின் ஒரே சீரான இரைச்சல் லாரி ஹாரன் சத்தத்தை ஓரளவு மூடிவிடும். கரண்ட் போனவுடன் குழந்தை விழிப்பது வெக்கையால் மட்டுமல்ல, அந்த இரைச்சல் சட்டென்று நிற்பதாலும்தான். சார்ஜ் செய்யும் சிறு விசிறி ஒன்று இதற்குத் தீர்வாகும்.

இரவில் எழுந்து வெளியே போய்விடும் குழந்தைக்கு, கால்வாயும் கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையும் உயிராபத்து. கதவில் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாளும், திறந்தால் ஒலிக்கும் மணியும் வேண்டும். குழந்தையைக் கட்டிலோடு கயிற்றால் கட்டுவது காயத்தையும் பீதியையும்தான் தரும், தூக்கத்தைத் தராது.

வீட்டுக்கு வெளியே இருந்து வரும் சத்தம்

ஒரு தாயால் இவ்வளவுதான் செய்ய முடியும். மீதி சட்டத்தின் கையில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபலையும், வணிகப் பகுதியில் 55 டெசிபலையும், தொழிற்பகுதியில் 70 டெசிபலையும் உச்ச வரம்பாக வைத்திருக்கின்றன. டெசிபல் கணக்கில் 45க்கும் 70க்கும் உள்ள இடைவெளி, ஒலியின் ஆற்றலில் முந்நூறு மடங்குக்கும் மேல். தூங்கும் அறைக்குள் சத்தம் 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 1999இல் சொன்ன அளவு. ஜன்னல் திறந்த வீடு வெளிச்சத்தத்தில் ஏறக்குறைய 15 டெசிபலைத்தான் குறைக்கும். வெளியே 70 இருந்தால் பாய்க்குப் பக்கத்தில் 55 இருக்கும். அதாவது, விதிமீறல் எதுவும் நடக்காமலேயே ஒரு குழந்தையின் தூக்கம் பறிபோகலாம்.

எந்தப் பகுதி எந்த வகையில் சேரும் என்று முடிவுசெய்யும் அதிகாரம் மாநில அரசுக்கு இருக்கிறது. தொழிற்சாலைகளுக்கு நடுவே உள்ள குப்பங்களும் ஊர்களும் குடியிருப்புப் பகுதியாகவே வகைப்படுத்தப்பட வேண்டும். அப்படி வகைப்படுத்தினால் இரவில் ஹாரன் அடிக்கத் தடை, இரைச்சல் எழுப்பும் கட்டுமான இயந்திரங்களுக்குத் தடை ஆகியவையும் அதே விதிகளின்படி தாமாகவே வந்துவிடும். லாரிகள் காத்துநிற்கும் இடத்தை வீடுகளிலிருந்து தள்ளி அமைப்பதும், உயர்கோபுர விளக்குகளுக்கு வீடுகளின் பக்கம் மறைப்பு வைப்பதும் பெரிய செலவு பிடிக்கும் வேலைகள் அல்ல. காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் விரிவாக்கம் விவாதத்தில் உள்ள காலம் இது. வீட்டு வாசலில் இரவுச் சத்தத்தை அளப்பது அத்தகைய திட்டங்களுக்கான ஒப்புதலில் கட்டாய நிபந்தனையாக வேண்டும்.

மருந்து கடைசியில்

சளி மருந்தையோ ஒவ்வாமை மாத்திரையையோ ‘தூங்கட்டும்’ என்று கொடுப்பது பரவலாக நடக்கிறது. இவை சில நாட்களில் பலன் இழந்துவிடும். சில குழந்தைகளுக்குத் தூக்கத்துக்குப் பதில் பரபரப்பைத் தரும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு முதலில் பழக்கவழக்க முறைகள், பயன் இல்லாவிட்டால் அவற்றோடு சேர்த்துத் தூக்க ஹார்மோனான மெலடோனின் என்பது அமெரிக்க நரம்பியல் கழகம் 2020இல் தந்த வழிகாட்டல். தொடக்க அளவு 1 முதல் 3 மில்லிகிராம். படுப்பதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு தர வேண்டும். அளவைக் கூட்டுவதும் நிறுத்துவதும் மருத்துவர் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும். வலிப்பு மருந்து சாப்பிடும் குழந்தைக்கு இந்த மேற்பார்வை இன்னும் முக்கியம்.

இந்தப் பகுதிக்கு என்றே கூடுதல் எச்சரிக்கை ஒன்றும் உண்டு. 2023 டிசம்பர் 26 அன்று நள்ளிரவையொட்டி எண்ணூர் பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓட வேண்டியிருந்தது. எழுப்ப முடியாத அளவு மயக்கம் தரும் மருந்து அப்படிப்பட்ட இரவில் ஆபத்தாகிவிடும். நடக்க முடியாத, அபாயம் புரியாத குழந்தைகள் எந்தெந்த வீடுகளில் இருக்கிறார்கள் என்ற பட்டியல் ஊராட்சியிடம் இருந்தாக வேண்டும்.

யார் கேட்பது?

பிறந்த குழந்தை முதல் 18 வயதுவரை உள்ளவர்களைப் பரிசோதிக்க 2013இல் தொடங்கிய தேசியத் திட்டமான ராஷ்ட்ரீய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம், 30 நோய்நிலைகளைத் தேடுகிறது. ஆட்டிசமும் வலிப்பும் அதில் உண்டு, தூக்கப் பிரச்சினை இல்லை. வளர்ச்சிசார் குறைபாட்டுக்கான பெரிய நிறுவனங்களோ தொலைவில் இருக்கின்றன. எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்குப் பேருந்து மாற வேண்டும். பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் நகரின் மறுகோடியான முட்டுக்காட்டில் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 25ஆவது பிரிவு, வசிப்பிடத்துக்கு அருகில் இலவச மருத்துவம் தரச் சொல்கிறது. அதை நிறைவேற்ற புதிய கட்டிடம் எதுவும் வேண்டாம். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கே செல்கிறார்கள். 2021 முதல் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளர்களும் செல்கிறார்கள். குழந்தை எத்தனை மணிக்குத் தூங்குகிறது, எத்தனை முறை விழிக்கிறது, குறட்டை விடுகிறதா என்று மூன்று கேள்விகளை அவர்கள் கேட்டு நோட்டில் குறித்தாலே, யாரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் யாரை ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கும் எழும்பூருக்கும் அனுப்ப வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

உடம்பின் காரணத்தை மருத்துவர் தீர்க்க வேண்டும். பழக்கத்தைச் சிறப்பாசிரியர் துணையோடு குடும்பம் மாற்ற வேண்டும். சத்தத்தையும் வெளிச்சத்தையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் துறைமுகங்களும் குறைக்க வேண்டும். இந்த மூவரில் இன்று குடும்பம் மட்டுமே, அதிலும் தாய் மட்டுமே, தன் பங்கைச் செய்துகொண்டிருக்கிறார்.