சொல்லேர் உழவர்க்குப் பட்டா உண்டா?

காவிரி பாயும் இந்த நெல்நாட்டில் பிறந்தவர் எவரும், ஒரு மா நிலம் வாங்குவதாயினும், வில்லங்கம் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. மூலப்பத்திரம் கேட்பர், பட்டாவும் சிட்டாவும் அடங்கலும் கேட்பர், நான்கெல்லையை நடந்து பார்ப்பர். பள்ளிக்கூடம் காணாத உழவரும் இதில் எளிதில் ஏமாறார். ஆனால் அதே மண்ணில் பிறந்து பாட்டெழுதுவோரும், கதை புனைவோரும், நாதசுரம் வாசிப்போரும், மேடையில் பாடுவோரும் தம் விளைச்சலுக்குப் பத்திரம் உண்டா என்று ஒருநாளும் கேட்பதில்லை. ஏர்பிடித்து உழுபவர்க்கு இருக்கும் விழிப்பு, சொல்லேர் உழவர்க்கு இல்லாமற் போயிற்று.

இக்குறையைப் போக்க நம் தமிழ்த்துறையால் இயலும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. நூல், இதழ், வானொலி, தொலைக்காட்சி, திரைப்படம், இசை, இணையம் ஆகிய அனைத்தையும் ஆளும் சட்டப்பிரிவை இன்று ஊடகச் சட்டம் என்றும் பொழுதுபோக்குத் துறைச் சட்டம் என்றும் வழங்குகின்றனர். அதனைக் கற்று வழக்காடுவதையும், கற்பிப்பதையும் நம் மாணவருள் சிலரேனும் வாழ்க்கைத் தொழிலாக மேற்கொள்ளுதல் வேண்டும். தமிழ் படித்தவர்க்கு ஆசிரியப் பணியன்றி வேறு வழியில்லை என்னும் பழைய எண்ணம் மாற வேண்டும்.

முன்னோடி நம் ஊரிலேயே உண்டு

இவ்வழிக்கு முன்னோடியைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1982 ஆம் ஆண்டில் மயிலாடுதுறை எனப் பெயர்மாற்றம் பெற்ற இம்மாயூரத்தில் முன்சீப்பாக இருந்து நீதி வழங்கியவர் வேதநாயகம் பிள்ளை (1826–1889). தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை 1879 இல் வெளியிட்டவர் என்றே நம் மாணவர் அவரை அறிவர். தேர்வுத்தாளிலும் அவ்வளவே எழுதுவர். ஆனால் அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்னரே அவர் செய்த பணி ஒன்றுண்டு. 1805 முதல் 1861 வரை வெளிவந்த உயர்மன்றத் தீர்ப்புகளைத் திரட்டி, தமிழில் 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் பெயரால் 1862 இல் வெளியிட்டார். ஆங்கிலம் அறியாத மக்கள் தம் வழக்கின் நிலையைத் தாமே உணர வேண்டும் என்னும் நோக்கமே அந்நூலில் விளங்குகிறது. மக்களுக்குப் புரியாத மொழியில் வழக்கு நடத்தும் வழக்கத்தைத் தம் நாவலிலும் அவர் கண்டித்துள்ளார்.

நீதிமன்றத்தில் தொழில், வீட்டில் தமிழ் என்று அவர் இரண்டையும் பிரித்து வைக்கவில்லை. சட்டத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். தமிழால் சட்டத்தைக் கற்பித்தார். நம் காலத்திலும் அம்மரபு அற்றுப் போகவில்லை. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய பிரபா ஸ்ரீதேவன், பின்னர் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்தின் தலைவராகவும் இருந்தார். அவரே ஆர். சூடாமணியின் சிறுகதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். இலக்கியச் சுவையும் சட்ட நுணுக்கமும் ஒருவரிடத்தே கூடி வாழும் என்பதற்கு இவையே சான்று.

புரவலர் காலமும் வணிகர் காலமும்

உமறுப் புலவர்க்குச் சீதக்காதி வள்ளலும் அபுல் காசிம் மரைக்காயரும் வாய்த்தனர். புரவலர் ஆதரித்தார், புலவர் பாடினார், பாட்டு நாட்டார் அனைவர்க்கும் சொந்தமாயிற்று. அச்சுப்பொறி வந்த பின் நிலைமை மாறிற்று. நூல் விலைப்பொருளாயிற்று, இசைத்தட்டும் வானொலியும் வந்தபின் பாட்டும் விலைப்பொருளாயிற்று. விலைப்பொருள் என்றான பின் அதற்கு உடைமையாளர் யார் என்னும் வினாவும் உடன் எழுந்தது.

இவ்வினாவின் கூர்மையைத் தமிழகம் உணர்ந்தது பாரதியார் பாடல்களில்தான். பாடல்களை இசைத்தட்டிலும் வானொலியிலும் பயன்படுத்தும் உரிமை ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' திரைப்படத்தில் பாரதி பாடல் இடம்பெற்றபோது சிக்கல் எழுந்தது. நாட்டுக்குப் பாடியவர் பாட்டு ஒருவர் பெட்டகத்துள் இருப்பதா என்று எழுத்தாளரும் பொதுமக்களும் கிளர்ந்தனர். மெய்யப்பர் தம்மிடமிருந்த உரிமையை விலை பெறாமலே அரசுக்கு அளித்தார். 1949 இல் சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளின் உரிமையைத் தன்வயமாக்கி, 1955 இல் மக்கள் அனைவர்க்கும் பொதுவாக்கியது. பின்னாளில் தமிழறிஞர் பலரின் நூல்களை நாட்டுடைமையாக்கி, மரபுரிமையர்க்குப் பரிவுத்தொகை வழங்கும் மரபுக்கு இதுவே வித்தாயிற்று. இவ்வரலாற்றில் கவிதையும் உண்டு, சட்டமும் உண்டு. முன்னதை மட்டும் நாம் வகுப்பில் கற்பிக்கிறோம்.

வெள்ளைத்தாளில் ஒரு கையொப்பம்

பாரதிக்காகக் கிளர்ந்தெழ ஒரு நாடே இருந்தது. பெயர் அறியப்படாத பாவலர்க்கு யார் உளர்? ஒலிநாடாக்கள் ஊரெங்கும் ஒலித்த 1980களில் இஸ்லாமியப் பாடல்கள் பல இயற்றிய முதியவர் ஒருவரை நாம் அறிவோம். ஒலிநாடா நிறுவனம் ஒன்று அவர்க்கு ஒருமுறை ஒரு சிறு தொகை தந்து, எழுதப்படாத வெள்ளைத்தாளில் கையொப்பம் பெற்றது. அப்பாடல்கள் இன்றும் திருமணப் பந்தல்களில் முழங்குகின்றன, கைப்பேசிகளில் சுற்றுகின்றன. நிறுவனத்தின் பெயர் எங்கும் உண்டு. இயற்றியவர் பெயர் எங்கும் இல்லை. அவர் பொருளை இழந்ததைக் காட்டிலும் பெயரை இழந்ததே நமக்குப் பெருந்துயராகத் தோன்றுகிறது.

சட்டம் கைவிட்டதா எனில், இல்லை. சட்டத்தை எடுத்துச் சொல்வார் இல்லை என்பதே உண்மை. 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, படைப்பு உருவான பொழுதே உரிமையும் பிறந்துவிடுகிறது. பதிவு செய்தல் கட்டாயமன்று. அவ்வுரிமை ஆசிரியரின் வாழ்நாளும், அவர் மறைந்த பின் அறுபது ஆண்டுகளும் நிலைக்கும். உரிமையை மாற்றிக் கொடுப்பதாயின் எழுத்தில் கையொப்பத்துடன் கொடுத்தல் வேண்டும். எந்தப் படைப்பு, எந்த உரிமை, எத்துணைக் காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு தொகை என்பன அதில் விளங்க வேண்டும். காலம் குறிக்கப்படாவிடின் ஐந்து ஆண்டுகள் என்றே கொள்ளப்படும்; இடம் குறிக்கப்படாவிடின் இந்தியா அளவே செல்லும். உரிமையை விற்ற பின்னும், இது தம் படைப்பே எனப் பெயர்கோரும் உரிமை ஆசிரியரை விட்டு நீங்காது.

திரைப்பாடல்களின் நிலை தனிவரலாறு உடையது. கூலி கொடுத்து எழுதச் செய்த பாட்டுக்குத் தயாரிப்பாளரே உரியவர் என்னும் கருத்தில் 1977 இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2012 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அதனை மாற்றியது. திரையரங்கில் படத்தோடு காட்டப்படுவது நீங்கலாகப் பிற வழிகளில் பாட்டு பயன்படும்போது, அவ்வருவாயில் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் சமபங்கு பெறும் உரிமை பெற்றனர். பாடுவோர்க்கும் வாசிப்போர்க்கும் நிகழ்த்துநர் உரிமையை 1994 ஆம் ஆண்டுத் திருத்தம் வழங்கியது. அது இப்பொழுது ஐம்பது ஆண்டுகள் செல்லும். கோயில் திருவிழாவில் வாசித்த மல்லாரியைக் கைப்பேசியில் பதிந்து ஒருவர் வருவாய் ஈட்டுவாராயின், வாசித்த கலைஞர் வாளாவிருக்க வேண்டியதில்லை.

மேற்கூறிய விதிகளுட் பல அம்முதியவர் கையொப்பமிட்ட பின் வந்தவை. பழைய ஒப்பந்தத்துக்கு எவ்விதி பொருந்தும், எது பொருந்தாது என்று ஆய்ந்து சொல்வது பயிற்சி பெற்ற வழக்கறிஞரின் பணி. அப்பணிக்கு ஆள் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

எழுதும் உரிமையும் அதன் எல்லையும்

ஊடகச் சட்டம் உடைமை பற்றியது மட்டுமன்று, பேச்சுரிமை பற்றியதுமாகும். இம்மாயூரத்தில் 1910 இல் பிறந்த எம்.கே. தியாகராச பாகவதரின் வாழ்வையே எடுத்துக்கொள்வோம். திரைக்கலைஞரின் தனிவாழ்வைத் தூற்றி இதழ் நடத்திய இலட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் கத்திக்குத்துப்பட்டு இறந்தார். அதற்கு முன், அவர்தம் 'சினிமா தூது' இதழின் உரிமத்தை நீக்கக் கோரி ஆளுநரிடம் முறையிட்டோருள் பாகவதரும் கலைவாணரும் இருந்தனர். கொலை வழக்கில் இருவரும் 1945 இல் ஆயுள் தண்டனை பெற்றனர். இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று மீண்ட வழக்கில் 1947 இல் விடுதலையாயினர். பாகவதரின் புகழ்வாழ்வு அதன்பின் பழைய நிலைக்கு மீளவில்லை. எதை எழுதலாம், எதை எழுதலாகாது, இழிவுபடுத்தப்பட்டவர் எங்குச் சென்று நீதி கேட்பது என்னும் வினாக்களுக்குத் தெளிவான விடை இல்லாத நாட்டில் இதழாளனும் வாழான், கலைஞனும் வாழான்.

விடுதலைக்குப் பின் நீதிமன்றங்கள் இவ்வினாக்களுக்கு ஒவ்வொன்றாய் விடை கண்டன. திரைப்படத் தணிக்கையை எதிர்த்துக் குவாஜா அகமது அப்பாஸ் தொடுத்த வழக்கில் 1970 இல் தீர்ப்பெழுதியவர் தலைமை நீதிபதி இதாயத்துல்லா. தணிக்கை செல்லும் என்றாலும், அது கலையின் நோக்கறிந்து நடத்தல் வேண்டும் என்பதை அத்தீர்ப்பு வலியுறுத்திற்று. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்னும் தமிழ்ப்படம் 1989 இல் உச்சநீதிமன்றத்தால் மீட்கப்பட்டது. போராட்டம் வரும் என்னும் அச்சத்தைக் காட்டிக் கருத்தை முடக்கலாகாது என்று நீதிமன்றம் தெளிவுறுத்தியது. 1994 இல் நக்கீரன் இதழ் தொடர்பான இராசகோபால் வழக்கு, இதழ் வெளிவருமுன்னரே அரசு தடுக்கலாகாது என்றும், தனிமனிதரின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்றும் இரண்டையும் ஒருங்கே நிறுவியது. இவற்றுள் இரண்டு தமிழ்நாட்டிலேயே பிறந்த வழக்குகள். ஆயினும் தமிழிலக்கிய மாணவர் இவற்றைக் கேள்விப்படாமலே பட்டம் பெற்றுச் செல்கின்றனர்.

இரண்டு தயக்கங்கள்

நம் கருத்தைக் கேட்கும் சமுதாயப் பெரியோர் சிலர், திரைப்படத் துறையோடு தொடர்புடைய தொழில் நம் பிள்ளைகளுக்குத் தகுமா என வினவுவர். அவ்வினாவை நாம் மதிக்கிறோம். ஆனால் இது கூத்தாடும் தொழிலன்று; கொடுக்கல் வாங்கலில் நேர்மை காக்கும் தொழில். கடன் ஒப்பந்தத்தை எழுதிக்கொள்ளவும், நேர்மையுடைய எழுத்தரைக் கொண்டு எழுதுவிக்கவும், சாட்சி வைக்கவும் பணிக்கும் வசனமே திருமறையின் மிக நீண்ட வசனம் என்பதைப் பெரியோர் நன்கறிவர். உழைத்தவர்க்கு உரியதை உரிய பத்திரத்தில் எழுதிக் கொடுப்பது அறமே ஆகும்.

இரண்டாவது தயக்கம் பெற்றோருடையது: இத்தொழிலால் வயிறு நிறையுமா? உண்மையைச் சொல்வதே முறை. மயிலாடுதுறையில் அமர்ந்து இவ்வழக்குகளை மட்டும் நம்பி வாழ்தல் இன்று அரிது. பெருவழக்குகள் சென்னையில்தான் நடைபெறுகின்றன. அங்கு உயர்நீதிமன்றத்தில் அறிவுசார் சொத்துரிமைக்கெனத் தனிப்பிரிவே அமைந்துள்ளது. தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருப்பதால் ஆங்கிலப் பயிற்சியும் இன்றியமையாதது. தொடக்க ஆண்டுகளில் மூத்த வழக்கறிஞரிடம் குறைந்த ஊதியத்தில் உழைக்கவும் நேரும். இவ்வளவையும் அறிந்தே இவ்வழியில் இறங்க வேண்டும்.

ஆயினும் தமிழ் மாணவர்க்கு இதில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. கதை திருடப்பட்டதா இல்லையா என்னும் வழக்கில் முடிவு எதைக் கொண்டு செய்யப்படுகிறது? கருத்துக்கு உரிமை இல்லை, அது வெளிப்பட்ட வடிவத்துக்கே உரிமை என்று ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978 இல் நீதிபதி பசல் அலி வகுத்தார். கரு எது, வடிவம் எது, இரு நூல்களுக்கும் பொதுவானது மரபா அல்லது களவா என்று ஒப்பிட்டு நோக்கும் கண் வேண்டும். முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று தொல்லிலக்கணம் பயின்றவர்க்கும், ஒப்பிலக்கியத் தாள் எழுதியவர்க்கும் அக்கண் ஏற்கெனவே திறந்துள்ளது.

எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் மூன்றாண்டுச் சட்டப்படிப்பில் சேரலாம். பின் வழக்கறிஞராகப் பதிந்து, அகில இந்திய வழக்கறிஞர் தேர்வில் தேறி வழக்காடலாம். கற்பிக்க விரும்புவோர்க்கும் தடையில்லை. வழக்கறிஞர் தொழிலைக் கைவிடாமலே, நாள் ஒன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேற்படாமல் சட்டம் கற்பிக்க 1979 ஆம் ஆண்டு விதிகள் இடமளிக்கின்றன. காலையில் மன்றத்தில் கண்டதை மாலையில் மாணவர்க்கு உரைக்கும் வாய்ப்பு எத்தனை தொழில்களில் உண்டு?

செய்யத்தக்கவை

தமிழ்த்துறைக்கு நாம் முன்வைப்பது ஒரே ஒரு சிறுதாள்: 'படைப்பாளரும் சட்டமும்'. பதிப்புரிமை, ஒப்பந்தம் எழுதும் முறை, அவதூறு, திரைத்தணிக்கை என்னும் நான்கு அலகுகள் அதற்குப் போதும். நூல்களும் பேச்சும் தமிழிலேயே அமைதல் வேண்டும். பெரியோர்க்கு நாம் வைப்பது ஒரே வேண்டுகோள்: ஆண்டுதோறும் நம் தமிழ் பட்டதாரி ஒருவரைச் சட்டம் பயில அனுப்புங்கள். மண்டபம் ஒன்று எழுப்பும் செலவில் பல வழக்கறிஞர்களை எழுப்பலாம். அவ்வாறு சென்றவர் ஆண்டுக்கு இருமுறையேனும் திரும்பி வந்து, இவ்வட்டாரத்துப் பாவலரின் பத்திரங்களையும் கலைஞரின் ஒப்பந்தங்களையும் கட்டணமின்றிப் படித்துக் காட்டட்டும்.

மாணவச் செல்வங்களே! வேதநாயகர் தமிழில் தந்த தீர்ப்புகள் நிலவழக்கும் கடன்வழக்கும் நிறைந்த காலத்துக்குரியவை. பாட்டுக்கும் கதைக்கும் படத்துக்கும் உரிய தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்துத் தர அவர்க்குப் பின் ஒருவர் வேண்டும். அவர் உங்களுள் ஒருவராய் இருத்தல் கூடும். முன்வருக!