இறங்குதல் இழிவன்று

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் கவ்வாத்துக் காலம் வந்துவிட்டால், புதிதாய் மலையேறி வந்தவர் திடுக்கிடுவர். நேற்றுவரை பச்சை போர்த்திக் கிடந்த சரிவு, இன்று மொட்டைக் குச்சிகளாய் நிற்கும். செடியைக் கொன்றுவிட்டனரே என்று இரங்குவோரும் உண்டு. தோட்டத்திலே பிறந்து வளர்ந்தவர் இரங்கார். வெட்டாது விட்டால் தேயிலை செடியாக நில்லாது, மரமாகிவிடும் என்பதை அவர் அறிவார். மரத்தில் இலை இருக்கும். ஆனால் கொழுந்து கைக்கு எட்டாது. நிழல் கிடைக்கும், கூடை நிறையாது.

இக்கவ்வாத்து நம் தோட்டங்களில் உண்டு; நம் சங்கங்களில் இல்லை. கோயில் நிருவாகம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், மணிமன்றம், மரண சகாய நிதி என எதை எடுத்தாலும் பலவிடத்தும் அதே முகம், அதே நாற்காலி, அதே மாலை. இவற்றில் நேரும் கேட்டையாவது பொறுத்துக்கொள்ளலாம். திருவிழா ஓராண்டு சிறுத்துப்போனால் அடுத்த ஆண்டு சிறக்கும். ஆனால், போரினால் சிதைந்த ஒரு நாட்டு மக்களுக்கு மருந்தும் அரிசியும் அனுப்புகின்ற தொண்டமைப்பு ஒருவருடைய நாற்காலியோடு சேர்ந்து இறுகிப்போகுமானால், அதற்கு விலை கொடுப்பவர் அந்நாட்டு நோயாளியும் குழந்தையுமேயாவர். ஆதலின் இதனைச் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியுள்ளது.

இத்தகைய அமைப்புகளுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? தலைநகரின் விருந்து மண்டபங்களிலிருந்து மட்டுமன்று. 1929இல் ஜே. ஏ. ரசல் இம்மலையில் போ தோட்டத்தைத் தொடங்கியபோது அவருக்குத் துணை நின்ற ஏ. பி. மில்ன், இலங்கையில் தேயிலை பயிரிட்டுத் தேர்ந்தவர். அங்குள்ள மலைநாட்டின் தொழிலறிவு இங்கே வந்தது. அங்கும் இங்கும் கொழுந்து கிள்ளிய கை தமிழ்க்கை. 1983 ஜூலைக் கலவரம் தொடங்கி 2009 மே வரை இலங்கையில் நீண்ட போரின்போதும், இடையே 2004 டிசம்பரில் வந்த ஆழிப்பேரலையின்போதும் மலேசியத் தமிழர் உண்டியல் ஏந்தியதற்கு அந்த உறவும் ஒரு காரணம். கொழுந்தின் நிறைக்கேற்பக் கூலி பெறுகின்ற ஒருத்தி உண்டியலில் போடும் ஐந்து வெள்ளிக்குப் பின்னால், பனியில் நனைந்த எத்தனை நிரைகள் இருக்கின்றன! அவள் தலைவரின் முகத்துக்காகக் கொடுக்கவில்லை. தலைவரின் பெயரையே அவள் அறிந்திருக்கமாட்டாள். எங்கோ தன்னைப்போல் ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள் என்று கேட்டாள், கொடுத்தாள். அப்பணத்துக்கு உரியவள் ஓடுகின்ற அந்தத் தாயே. தலைவர் வெறும் கைமாற்றி.

இதை மறந்தவர் தலைவர் மட்டுமல்லர், நாமும் மறந்தோம். பதவியை விடாதவரைப் பற்றித் தேநீர்க் கடையில் பேசத் தெரிந்த நாம், விட விரும்புகின்றவரை என்ன செய்கிறோம்? "பத்தாண்டு உழைத்துவிட்டேன், உடல் தளர்ந்தது, மனமும் தளர்ந்தது, வேறொருவர் வரட்டும்" என்று ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒருவர் எழுந்து சொன்னால், அடுத்த கணமே மாலையும் பொன்னாடையும் பறந்து வருகின்றன. 'ஐயா இல்லாவிட்டால் சங்கமே இல்லை' என்று ஒருவர் முழங்குவார். 'ஆயுட்காலத் தலைவர்' என்று இன்னொருவர் முன்மொழிவார். அவ்வளவையும் மீறி அவர் விலகிவிட்டாலோ, மறுநாளே பேச்சு திரும்புகிறது: 'போர் முடியுமுன்னே ஓடிப்போனவர்.' மாலையிட்ட வாயே தூற்றும் வாயுமாகிறது. நாற்காலியை இறுகப் பற்றுகின்றவரைக் காட்டிலும், எழுந்தவரைப் பிடித்து அமுக்குகின்ற இக்கூட்டமே பெரிய குற்றவாளி.

இந்நாட்டிலேயே இதற்கு மாறான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. மகப்பேற்று மருத்துவரான டாக்டர் ஜெமிலா மாமூட், 1999இல் கொசோவோப் போரின் துயரம் கண்டு மெர்சி மலேசியா என்னும் மருத்துவத் தொண்டமைப்பைத் தோற்றுவித்தார். 2003இல் பாக்தாத் நகரில் பணியாற்றியபோது துப்பாக்கிக் குண்டு அவர்மேல் பாய்ந்தது. ஆயுட்காலத் தலைமைக்கு உரிமை கொண்டாட ஒருவருக்கு இதைவிடப் பெரிய தகுதி வேண்டுமோ? பின்னும் சில ஆண்டுகள் தலைமை ஏற்று நடத்திய அவர், 2009இல் பொறுப்பைக் கைமாற்றிவிட்டு ஐக்கிய நாடுகளின் மக்கள்தொகை நிதியத்தில் பணியேற்றார். டாக்டர் அகமட் பைசால் பெர்டாவுஸ் தலைவரானார். அமைப்பு கலைந்துபோயிற்றா? இல்லை. தொடர்ந்து இயங்கியது. தோற்றுவித்தவர் போனபின்னும் நிற்பதுதான் அவர் தோற்றுவித்ததன் மெய்ச்சான்று. நம்மவரோ தமக்குப்பின் சங்கம் சரிந்தது என்பதையே தம் பெருமைக்குச் சான்றாய்க் காட்டுகின்றனர்! வீடு கட்டிய கொத்தனார், தாம் வெளியேறியதும் கூரை விழுந்தது என்று மார்தட்டினால் அவருக்கு அடுத்த வேலையை யார் தருவார்?

எதிர்வாதம் செய்வோர் செஞ்சிலுவைச் சங்கத்தைக் காட்டக்கூடும். காட்டட்டும், அவ்வரலாறு இருபுறமும் வெட்டும். 1859இல் சோல்பெரினோப் போர்க்களத்தின் ஓலம் கேட்டு மனம் உடைந்த ஹென்றி துய்னான், 1863இல் ஜெனிவாவில் தோன்றிய ஐவர் குழுவில் ஒருவர். நான்கே ஆண்டுகளில், 1867இல், வணிகத்தில் நொடித்துப்போய்க் குழுவிலிருந்து வெளியேற நேர்ந்தது. அவரோடு ஒத்துப்போகாத குஸ்தாவ் முவானியே 1864இல் தலைமை ஏற்று, 1910இல் இறக்கும்வரை நாற்பத்தாறு ஆண்டுகள் தலைவராகவே இருந்தார். முவானியேயின் உழைப்பால் அமைப்பு வளர்ந்தது என்பதை மறுப்பது நேர்மையன்று. அப்படியானால் நீண்ட தலைமை நல்லதுதானே என்பீராயின், அந்த நாற்பத்தாறு ஆண்டுகளின் பெரும்பகுதியில் துய்னான் என்னும் பெயர் எங்கே இருந்தது என்று கேளுங்கள். வறுமையில் மறைந்து கிடந்தது. 1901இல் முதல் நோபல் அமைதிப் பரிசில் ஒரு பாதி அவரைத் தேடிச் சென்றபோதுதான் மறதி முற்றிலும் நீங்கியது. நெடுங்காலம் ஒருவர் கையிலிருக்கும் அமைப்பு வளரலாம். ஆனால் அதன் நினைவேடு அவர் கையெழுத்திலேயே எழுதப்படும். முவானியே ஒருவர் தேறினார் என்பதனால் நம்மூர்த் தலைவர் அனைவரும் முவானியே ஆகிவிடமாட்டார் என்பதையும் கூட்டிச் சொல்லலாம்.

சண்டையிட்டு விலகியவரும் உளர். 1971இல் தோன்றிய எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பிலிருந்து, அதன் நிறுவுநர்களில் ஒருவராகிய பெர்னார் குஷ்னேர் 1979இல் பிரிந்தார். வியட்நாமியப் படகு அகதிகளுக்காகக் கப்பல் அனுப்புவது குறித்து எழுந்த பூசலும் அதற்கொரு காரணம். அந்தக் கப்பல்தான் நம் திரெங்கானுவின் பீடோங் தீவருகே நின்று அகதிகளுக்கு மருத்துவம் பார்த்தது. பிரிந்தவர் 1980இல் வேறோர் அமைப்பைத் தொடங்கினார். பிரியப்பட்ட அமைப்போ 1999இல் நோபல் பரிசு பெற்றது. இருபுறமும் நோயாளி கவனிக்கப்பட்டார். பிளவு விரும்பத்தக்கதன்று, எனினும், நாற்காலிக்காக இருபது ஆண்டு புழுங்கிக் கிடப்பதனினும் அது மேல்.

'போர் முடியட்டும், அதன்பின் இறங்குகிறேன்' என்பது கேட்பதற்கு உருக்கமான சொல். ஆனால் போர் தலைவரின் பதவிக்காலத்தைப் பார்த்து முடிவதில்லை. இலங்கைப் போர் கால் நூற்றாண்டைக் கடந்தது. ஆப்கானிஸ்தானில் 1979இல் சோவியத் படை புகுந்தது முதல் 2021இல் அமெரிக்கப் படை வெளியேறும் வரை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் துப்பாக்கி ஓயவில்லை. அங்கே பிறந்தவர் பாட்டனாகிவிட்டார். அத்தனை காலமும் ஒரே மனிதர் சிதைந்த உடல்களின் படங்களையும், மருந்தில்லை என்று வரும் கடிதங்களையும் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் மனம் என்னாகும்? ஒன்று நொறுங்கும், அல்லது காய்த்துப்போகும். காய்த்துப்போன மனம் எல்லாவற்றையும் கணக்காகப் பார்க்கும். எந்த முகாமுக்கு முதலில் மருந்து என்னும் முடிவு அத்தகைய கையில் இருத்தல் தகாது. தளர்ச்சியை ஒப்புக்கொண்டு விலகுகின்றவர் கோழையல்லர். நாற்பது பேர் ஏறிய பேருந்தைத் தூக்கக் கலக்கத்தோடு தாப்பா வளைவுகளில் ஓட்டாது நிறுத்துகின்ற ஓட்டுநரை ஒத்தவர்.

நம்பிக்கை தலைவர்மீதுதான், அவர் போனால் நன்கொடை நின்றுவிடும் என்பார் பொருளாளர். நம்பிக்கை கணக்கேட்டின்மீது இருந்தால் நிற்காது. இந்நாட்டின் 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டம், பதிவுபெற்ற சங்கம் ஆண்டறிக்கையும் கணக்கும் அளிக்கவேண்டும் என்கிறது. பதிவகத்துக்கு அனுப்புகின்ற அத்தாளின் ஒரு படியைத் தமிழில் எழுதி, உண்டியல் சென்ற ஒவ்வொரு தோட்டத்துக் கோயில் பலகையிலும் ஒட்டியவர் எத்தனை பேர்?

இனி, விலகுகின்றவர்க்கும் ஒரு சொல். சாவியை மேசைமேல் எறிந்துவிட்டுப் போவது விலகலன்று. அயல்நாட்டில் மருந்துப் பெட்டியை வாங்கி வைப்பவர் யார், எந்தச் சுங்க அதிகாரி நேர்மையானவர், எந்த மருத்துவமனை சொன்னபடி பயன்படுத்தியது என்பனவெல்லாம் அவர் தலைக்குள்ளும் கைப்பேசிக்குள்ளுமே இருக்கும். அவற்றை ஏட்டில் எழுதி, அடுத்தவரைக் கூடவே அழைத்துச் சென்று அறிமுகம் செய்து, வங்கிக் கையொப்பத்தையும் மாற்றித் தரவேண்டும். அதற்கு ஓராண்டாவது வேண்டும். அதன்பின் போய்விட வேண்டும். 'ஆலோசகர்' என்னும் பெயரில் முன்வரிசையில் அமர்ந்து, புதியவர் வாய் திறக்கும்போதெல்லாம் தொண்டையைக் கனைப்பது நாற்காலியைக் காலால் பிடித்துக்கொண்டிருப்பதேயாகும். கவ்வாத்து வெட்டிய செடியில் சில மாதம் கொழுந்து இராது. அதற்காக எவரும் வெட்டிய கிளையைக் கொண்டுவந்து கட்டுவதில்லை. புதிய தலைவரின் முதலாண்டில் நன்கொடை குறையும். பொறுத்தே ஆகவேண்டும்.

அடுத்தவர் யாருமில்லை என்பதே கடைசி அரண். பிள்ளைகள் படித்துக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இறங்கிவிட்டனர், லயங்களில் இன்று வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் மிகுதி, உண்மை. ஆயினும், மாதந்தோறும் சீட்டுப் பணத்தை ஒரு காசு பிசகாமல் தலைக்குள்ளேயே கணக்கிட்டு நடத்துகின்ற கொழுந்துக்காரப் பெண்மணியை எந்தச் சங்கமாவது பொருளாளராக நிற்கச் சொல்லிக் கேட்டதுண்டா? கூட்டத்தன்று அவருக்கு வைக்கப்படும் இடம் சமையற்கட்டு. அப்பால், 2021இல் இராணுவம் ஆட்சியைக் கவர்ந்த மியன்மாரிலிருந்து வந்து இம்மலைக் காய்கறிப் பண்ணைகளில் மண்வெட்டி பிடித்திருக்கும் இளைஞனிடம், உன் ஊருக்கு எது தேவை, எந்த வழியாய்ப் போகும் என்று கேட்டவர் யார்? போர் நாட்டுக்கு உதவும் குழுவில் போர் நாட்டான் ஒருவனுக்கும் நாற்காலி இல்லை, அத்தனையும் நிரம்பியிருக்கின்றன.

அடுத்த பொதுக்கூட்ட அறிவிப்பில் 'நிருவாகிகள் தேர்வு' என்னும் வரி வழக்கம்போல் இருக்கும். அவ்வரி வரும்போது மாலை வாங்கக் கடைத்தெருவுக்கு எவரையும் அனுப்பாதீர்கள். எழுந்து நிற்கின்ற முதியவர் சொல்லி முடிக்கட்டும். அதன்பின் கணக்கேட்டைக் கொண்டுவரச் சொல்லி, சமையற்கட்டிலிருந்து அந்த அம்மையாரையும் அழையுங்கள்.