எல்லையூர் மடல்: நகரம் வருமுன் வரைபடம் வரும்

கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரை செல்லும் புறவழிச்சாலை நம் திருப்புறத்தின் வழியே போவதை அன்பர்கள் அறிவர். அதில் முக்கோலைக்குத் தெற்கேயுள்ள ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தூரமும் கான்கிரீட் பாதை. மரச்சீனியும் வாழையும் நின்ற மேடுகளைப் பிளந்து அது வந்தது. விழிஞம் துறைமுகம் 2024 டிசம்பரில் வாணிபத்தைத் தொடங்கி, 2025 மே 2-ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அன்று முதல் நம் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் அரசியல் பேச்சுக் குறைந்து, சென்று விலைப் பேச்சு மிகுந்துவிட்டது. திருவனந்தபுரம் தெற்கு நோக்கி நடந்து வருகிறது. நம் வாசற்படிக்கு வந்துவிட்டது என்றே கொள்ளலாம்.

இதில் நம் குடும்பங்களுக்கு என்ன என்று சிலர் கேட்கக்கூடும். 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை இராச்சியத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கல் நடப்பட்டதேயன்றிப் பிழைப்பு அதன்படி பிரிந்துவிடவில்லை. 1979-இல் கன்னியாகுமரிப் பாதை திறக்கப்பட்ட பின் இரு பக்கத்துப் போக்குவரத்தும் இன்னும் பெருகிற்று. குழித்துறையிலும் பாறசாலையிலும் காலை வண்டிக்குச் சீசன் சீட்டோடு நிற்கும் கூட்டத்தை நாள்தோறும் பார்ப்பவர் நாம். கொத்தனார், தையற்காரர், துணிக்கடைப் பணிப்பெண்கள், மருத்துவமனைத் தாதியர் எனப் பலரும் அதில் உண்டு. இவர்களுள் கையில் நாலு காசு சேர்ந்தவர்கள், தினமும் நின்றுகொண்டே போய்வருவதை விட நகரோரத்தில் நாலைந்து சென்று வாங்கி ஒரு கூரை போட்டுக்கொள்வோம் என்று எண்ணுகிறார்கள். எண்ணம் நியாயமானதே. எந்த இடத்தில் வாங்குவது என்பதில்தான் வம்பு தொடங்குகிறது.

நகரம் முதலில் மண்ணில் வளர்வதில்லை, தாளில் வளர்கிறது. திருவனந்தபுரத்திற்கு 1971-இல் ஒரு பெருந்திட்டம் ஒப்புதல் பெற்றது. நாற்பது ஆண்டு கழித்துப் புதிய வரைவொன்று வந்தது. அதில் தம் வீடு பசுமைப் பகுதியாகவும் அகலச் சாலையாகவும் நிறம் தீட்டப்பட்டிருப்பதைக் கண்ட மக்கள் கொதித்தெழவே, அரசு அதனை நிறுத்தி வைத்தது. பிறகு 2040-ஐ இலக்காகக் கொண்டு மீண்டும் ஒரு திட்டம் வரையப்பட்டது. எதிர்த்தவர்கள் வரைபடத்தை உரிய காலத்தில் பார்த்தவர்கள் என்பதை நாம் கருத வேண்டும். பாராதவர்களுக்கு அளவைக் கல் வந்து நின்ற பிறகே செய்தி தெரியும்.

ஒரு பெரிய குறையையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். 2010-இல் விழிஞம், கழக்கூட்டம் முதலிய ஐந்து ஊராட்சிகள் மாநகராட்சியில் சேர்க்கப்பட்டன. மாநகராட்சியின் திட்டம் அதன் எல்லையோடு முடிந்துவிடும். சாலையோ முடியவில்லை, காஞ்சிரங்குளம், திருப்புறம் கடந்து காரோட்டில் போய்த்தான் நிற்கிறது. எல்லைக்கு இப்பால் துறைமுகத்தை நம்பிச் சரக்குக் கிடங்கு வரும், லாரி நிறுத்தம் வரும், கூலிக்கு வருவோர் தங்கும் கொட்டகை வரும். இவற்றிற்கெல்லாம் சேர்த்து யார் கணக்குப் போடுகிறார்கள்? சென்னையில் இந்தச் சங்கடத்தை உணர்ந்தே 2022-இல் பெருநகரப் பரப்பை 1,189 சதுரக் கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக உயர்த்தினர். பரப்பை விரித்த மாத்திரத்தில் நன்மை விளைந்துவிடும் என்று நாம் நம்பவில்லை. ஆயினும் ஒரே படத்தில் எல்லா ஊரும் தெரிவது ஒரு தொடக்கம். இங்கே அந்தப் படத்தைப் போடுவோர், களியக்காவிளைக்கு அப்பாலிருந்து காலையில் வந்து இரவில் திரும்புவோரையும் எண்ணிக்கொள்ள வேண்டும். அவர்கள் இரவில் உறங்குவது மற்றோர் இராச்சியத்தில். பகலெல்லாம் தேய்வது இந்த நகரத்திற்காக.

விழிஞத்திலிருந்து நாவாய்க்குளம் வரை திட்டமிடப்பட்ட புறநகர் வெளிவட்டச் சாலையைப் பாருங்கள். நிலம் எடுப்பதற்கான அறிவிக்கை 2022-இல் வந்தது. வழியிலுள்ள உடைமையாளர்கள் பணமும் கைக்கு வராமல், விற்கவும் முடியாமல், புது வீடு கட்டவும் முடியாமல் ஆண்டுக்கணக்காகக் காத்துக் கிடந்தனர். மகள் திருமணத்திற்கென்று வைத்திருந்த புரையிடம் அடகுக்கும் உதவாமற் போனால் ஒரு குடும்பம் என்ன பாடுபடும்! சாலை வேண்டாமென்று சொல்பவர் நாமல்லோம். சரக்கு வண்டியின் வரவை நம்பிச் சோறுண்ணும் நமக்கு அது ஒவ்வாது. எடுப்பதாயின் விலையைக் கொடுத்து எடுக்கட்டும். இல்லையேல் கோட்டை அழித்து ஆளை விட்டுவிடட்டும்.

இனி, நம்மவர் அடிக்கடி இடறும் ஒரு சொல்லைப் பற்றி எழுதுகிறோம். தமிழில் நிலம் என்றால் எந்த மண்ணும் நிலந்தான். கேரள வருவாய்ப் பதிவேட்டிலோ ‘நிலம்’ என்றால் வயல். வீடு கட்டத் தக்க மேட்டுநிலத்திற்குப் ‘புரையிடம்’ என்று பெயர். விளவங்கோட்டிலிருந்து வந்த நண்பர் ஒருவர் தரகரின் பேச்சை நம்பி ஐந்து சென்று வாங்கினார். தென்னை நின்றது, பக்கத்தில் வீடும் இருந்தது. அடித்தளம் போடும் வேளையில்தான் அனுமதி கிடையாதென்று தெரிந்தது.

“ரசீதில் நிலம் என்றுதானே எழுதியிருக்கிறது, நான் வாங்கியதும் நிலந்தானே அண்ணாச்சி!” என்று அவர் நம்மிடம் வந்து அழுதபோது நமக்கு மறுமொழி வரவில்லை.

2008-ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சிக்கும் வயல்களின் தரவுத் தொகுப்பு உண்டு. கிருஷி பவனிலும் வில்லேஜ் ஆபீசிலும் சர்வே எண்ணைச் சொல்லிக் கேட்டால் அதில் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். முன்பணம் கொடுப்பதற்கு முன் இந்த ஒரு நடை நடப்பதற்கு என்ன தயக்கமோ, நமக்குப் புரியவில்லை. தரகர் முகம் வாடிவிடும் என்று அஞ்சுவார் போலும்.

அந்தச் சட்டத்தின்மீது நண்பருக்குக் கோபம். நமக்கில்லை. 1920-களில் மாம்பல ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் உண்டாக்கினார்கள், அழகான நகர்தான். ஆனால் ஏரிகளும் சதுப்பும் ஒவ்வொன்றாகக் கட்டடமான பின் 2015 டிசம்பரில் சென்னை பட்ட பாட்டை யார் மறப்பார்? திருவனந்தபுரத்திலோ தம்பானூரில் இருப்புப்பாதைகளின் அடியில் ஆமயிழஞ்சான் கால்வாய் ஓடுகிறது. 2024 ஜூலையில் அதிலடைந்த குப்பையை அள்ள இறங்கிய நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் அகப்பட்டு மாண்டார். மூன்றாம் நாளே உடல் கிடைத்தது. நகரம் அடைத்துவைத்த தண்ணீருக்கு உயிர் கொடுத்தவர் நகரவாசியல்லர்; நம் ஊரோரத்து ஏழை. எனவே நம் பக்கத்து வயலும் தோடும் படத்தில் நீல நிறமாகவே இருக்கட்டும். வீடுகளுக்கு மேட்டு நிலத்தில், நெய்யாற்றின்கரை, அமரவிளை, தனுவச்சபுரம் நிலையங்களுக்கு நடந்துபோகும் தொலைவில் இடம் குறிக்கச் சொல்வோம். இரட்டைப் பாதைப் பணி முடிந்து வண்டிகள் பெருகுமானால் அங்கே குடியிருப்பவருக்கு மோட்டார் சைக்கிள் கடனும் மிச்சம்.

இதையெல்லாம் யார் எழுதுவது, மலையாளம் சரளமாக வராதே என்று பலர் பின்வாங்குகின்றனர். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்திற்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழிலேயே எழுத இடந்தருகிறது. மறுமொழியும் தமிழிலேயே வர வேண்டும் என்கிறது. வரைவுத் திட்டம் வெளியாகும்போது ஆட்சேபங்களுக்குக் கெடு வைப்பார்கள். அந்தக் கெடுவுக்குள் சர்வே எண்ணைக் குறிப்பிட்டு எழுதிய ஒரு தாள், கெடு கழிந்தபின் நடத்தும் பத்து ஊர்வலங்களுக்குச் சமம்.

சங்கத்தின் அடுத்த மாதக் கூட்டத்திற்கு வரும் அன்பர்கள் கரம் தீர்த்த ரசீதையும் ஆதாரத்தின் படியையும் உடன் கொண்டுவருவார்களாக. தமிழில் மனு எழுதத் தாளும் பேனாவும் நாம் கொண்டுவருகிறோம். ஞாயிறு பிற்பகல் நமக்கு ஓய்வுதான். இரவுப் பணி ஏழு மணிக்குமேல்.