வண்டி ஓடாவிட்டாலும் ஒயிலுக்கு வயது போகும்



2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டதன் பின்னர், நம்மவர்களின் வீட்டு முற்றங்களிலும் புதிய வாகனங்களைக் காண முடிகின்றது. பல வருடங்களாகச் சேர்த்த பணமும், விற்ற நகையும், வெளிநாட்டு வெயிலில் உழைத்த உழைப்பும் ஒன்றுசேர்ந்தே அப்படியொரு வாகனமாக வந்து நிற்கின்றன. ஆனால், அதன் எஞ்சினைக் காக்கும் ஒயிலைப் பற்றி மட்டும் வீட்டில் எவரும் பேசுவதில்லை. "அது ஆண்களின் வேலை" என்று நீங்கள் சொல்லக்கூடும். பிள்ளைகளின் வாப்பா கட்டாரிலோ சவூதியிலோ இருக்க, பாடசாலைக்கும் மத்ரஸாவுக்கும் அந்த வாகனத்தை ஓட்டிச் செல்வது யார்? பல வீடுகளில் நீங்கள்தானே! எனவே, இம்மாதம் இதனைப் பற்றிச் சற்று விளக்கமாகப் பேசுவோம்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கின்றேன். முதல் சேர்விஸ் முடிந்ததும், இன்னும் 5,000 கிலோமீற்றர் ஓடிய பின் வரும்படி கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தார்கள். வாகனமோ பாடசாலைக்கும் சந்தைக்கும் மட்டுமே ஓடியது. ஒன்றரை வருடம் சென்றும் 3,000 கிலோமீற்றரைத் தாண்டவில்லை. "இன்னும் நேரம் வரவில்லையே" என்று வீட்டார் இருந்துவிட்டனர். ஒயில் துளித்துளியாகக் கசிந்துகொண்டிருந்ததை எவரும் காணவில்லை. ஒருநாள் மாலை, ஒயில் குவளை போன்ற அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தது. வீடு அருகில்தானே என்று எண்ணி அந்தச் சகோதரி தொடர்ந்து ஓட்டினார். வீட்டுக்கு வருமுன்னரே எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. வாகனத்துக்கு வாங்கிய கடன் தீருமுன் எஞ்சினுக்கு இன்னொரு கடன்!

இங்கு நடந்த பிழை கவனயீனம் என்பதை விட, கணக்குப் பிழை என்பதே பொருத்தம். ஒயில் மாற்றுவதற்குக் கணக்குகள் இரண்டு உண்டு. ஒன்று தூரம், மற்றது காலம். இவ்வளவு கிலோமீற்றர் "அல்லது" இத்தனை மாதங்கள், எது முந்துகின்றதோ அதுவே தவணை என்றுதான் வாகனம் செய்தவர்கள் எழுதுகின்றார்கள். நம்மவர்கள் தூரத்தை மட்டும் வாசித்துவிட்டுக் காலத்தை மறந்துவிடுகின்றார்கள்.

ஓடாத வண்டியின் ஒயில் எப்படிப் பழுதாகும் என்று நீங்கள் கேட்கலாம். எஞ்சினில் பெற்றோல் எரியும்போது நீராவியும் உண்டாகின்றது. அதில் ஒரு பகுதியும், எரியாத பெற்றோலில் சிறிதளவும் ஒயிலுடன் கலக்கின்றன. நீண்ட தூரம் ஓடினால் ஒயில் நன்கு சூடாகி இவை ஆவியாகிப் போய்விடும். இரண்டு கிலோமீற்றர் சென்று பாடசாலை வாசலில் நிறுத்திவிட்டால், ஒயில் சூடாவதற்குள் எஞ்சின் நின்றுவிடுகின்றது. ஈரமும் பெற்றோலும் உள்ளேயே தங்கி, நாளடைவில் ஒயிலின் வலுவைக் கெடுக்கின்றன. ஹைபிரிட் வாகனங்களிலும் இதே கதைதான். அங்கு எஞ்சின் அடிக்கடி நின்று நின்று இயங்குவதால், குறுந்தூர ஓட்டத்தில் அது சூடாக இன்னும் தாமதமாகின்றது.

ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் தனது சாதாரண பெற்றோல் கார்களுக்கு 15,000 கிலோமீற்றர் அல்லது ஒரு வருடம் என்றும், டர்போ உள்ளவற்றுக்கு 5,000 கிலோமீற்றர் அல்லது 6 மாதங்கள் என்றும் பொதுவாகத் தவணை குறிக்கின்றது. கடுமையான பாவனையில் இவை பாதியாகக் குறையும். கடுமையான பாவனை என்றவுடன் மலைப்பாதையும் கரடுமுரடான வீதியும்தான் நினைவுக்கு வரும். ஒரு தடவைக்கு 8 கிலோமீற்றருக்கு உட்பட்ட ஓட்டத்தையே திரும்பத் திரும்ப ஓடுவதும் அந்தப் பட்டியலில் உண்டு. நமது பாடசாலைப் பயணம் கடுமையான பாவனை என்பதை எத்தனை பேர் அறிவோம்! எனவே, வாகனம் மிகக் குறைவாக ஓடினாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒயிலையும், உங்கள் கையேடு சொல்லும் முறைப்படி பில்டரையும் மாற்றிக்கொள்வது குறுந்தூரம் ஓடும் வீட்டுக்குப் பொருத்தமானது. கையேடு இதைவிடக் குறுகிய தவணை சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

இனி, எந்த ஒயில் என்பதைப் பார்ப்போம். போத்தலில் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்றெல்லாம் எழுதியிருக்கும். முன்னால் உள்ள எண், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதைக் காட்டுகின்றது. எண் குறையக் குறைய ஓட்டம் இலகு. பின்னால் உள்ள எண், எஞ்சின் சூடேறிய பின் ஒயிலின் தடிப்பைக் காட்டுகின்றது. இதனோடு ஏ.பி.ஐ. என்ற தரக்குறியும் இருக்கும். பெற்றோல் எஞ்சின்களுக்கான எஸ்.என். தரம் 2010 இலும், எஸ்.பி. தரம் 2020 இலும் வந்தன. உங்கள் கையேடு எந்தத் தரத்தைக் கேட்கின்றதோ அதுவோ, அதற்குப் பிந்தியதோ போதுமானது.

"எங்கள் நாடு சூடானது, தடித்த ஒயில்தான் நல்லது" என்று கடையில் சொல்வார்கள். எஞ்சினுக்கு நமது வெயில் ஒரு சூடே அல்ல. வெளியே 30 பாகையாக இருந்தாலும், வேலை செய்யும் எஞ்சின் 90 பாகையளவில் தன் சூட்டைத் தானே வைத்துக்கொள்கின்றது. இன்றைய எஞ்சின்களின் ஒயில் வழிகள் மிக ஒடுக்கமானவை. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஒயில் மேலே விரைந்து ஏற வேண்டும். தேவைக்கு மேல் தடித்த ஒயில் அங்கே தாமதமாகின்றது, எரிபொருளும் கூடுதலாகச் செலவாகின்றது. கையேடு ஒன்றுக்கு மேற்பட்ட ஒயில்களை அனுமதித்திருந்தால், அவற்றுள் ஒன்றைத் தாராளமாகத் தெரிவு செய்யலாம். அதற்கு வெளியே போக வேண்டாம்.

அறபுக் கல்லூரியில் ஒரு விடயத்தில் சந்தேகம் வந்தால், கேள்விப்பட்டதை விட்டுவிட்டு மூல கிதாபைப் புரட்டிப் பார்க்கும்படி உஸ்தாத்மார் சொல்வார்கள். வாகனத்துக்கு மூல கிதாப் அதன் கையேடுதான். ஜப்பானிலிருந்து நேரடியாக வந்த வாகனமாயின் கையேடும் ஜப்பானிய மொழியில் இருக்கும். அதிலும் எண்களை வாசிக்க முடியும். சில வாகனங்களில் ஒயில் ஊற்றும் மூடியிலேயே 0டபிள்யூ-20 என்று பொறித்திருப்பார்கள். இரண்டும் உதவாவிட்டால், ஒயிலின் வகையையும் அளவையும் தவணையையும் விற்றவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஸ்கூட்டர் ஓட்டும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. கார் ஒயிலில் மிஞ்சியதை மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றாதீர்கள். கியர் உள்ள மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றின் கிளட்ச் அதே ஒயிலில்தான் நனைந்திருக்கும். கார் ஒயிலால் அது வழுக்கக்கூடும். அவற்றுக்கு ஜாசோ எம்.ஏ. என்ற குறியுள்ள ஒயில் வேண்டும். கியர் மாற்றாத ஸ்கூட்டர்களின் அமைப்பு வேறு, பலவற்றுக்கு எம்.பி. குறியுள்ள ஒயில் சொல்லப்படுகின்றது. புதிய இரு சக்கர வாகனங்களின் முதல் சேர்விஸும் தவறக்கூடாது. புதிய பாகங்கள் உராய்ந்து உதிரும் மெல்லிய உலோகத் துகள்கள் அப்போதுதான் ஒயிலோடு வெளியேறுகின்றன.

மாதத்தில் ஒருநாள், காலையில் வாகனத்தை எடுக்குமுன், ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். சமதரையில் நிற்கும் வாகனத்தின் பொனட்டைத் திறந்து, ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்துத் துணியால் துடைத்து, மீண்டும் முழுவதுமாகச் செருகி எடுத்துப் பாருங்கள். இரண்டு அடையாளங்களுக்கு இடையில் ஒயில் இருந்தால் போதும். மேல் அடையாளத்தைத் தாண்டி ஊற்றுவதும் தீங்கே. கூடுதலான ஒயில் உள்ளே நுரைத்துத் தன் வேலையைச் செய்யாது போகலாம். ஒயில் கறுத்திருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம், அழுக்கைத் தன்னுள் வைத்திருப்பதும் அதன் வேலைதான். அளவு குறைந்துகொண்டே போவதும், நிறுத்திய இடத்தில் துளிகள் காணப்படுவதும்தான் உடனே காட்ட வேண்டியவை. ஓடும்போது அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தால், வீடு நூறு அடியில் இருந்தாலும் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

பால் கணக்கு எழுதும் கொப்பியில் இதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மாற்றிய திகதி, ஓடிய கிலோமீற்றர், ஒயிலின் வகை, அடுத்த தவணை ஆகிய நான்கும் போதும். பற்றுச்சீட்டையும் அதிலேயே ஒட்டி வையுங்கள், உத்தரவாதம் கேட்கும் நாளில் அது பேசும். சேர்விஸ் செய்யுமிடத்தில் மூடி உடைக்காத போத்தலை உங்கள் கண்முன்னே திறக்கச் சொல்லத் தயங்காதீர்கள். கழித்த ஒயிலை அங்கேயே ஒப்படைத்துவிடுங்கள். அதைக் காணியில் ஊற்றினால், மணற்பாங்கான நமது ஊர்களில் அடுத்த வீட்டுக் கிணறு வரை போய்ச் சேரும்.

கடல் கடந்து உழைப்பவர் உங்களை நம்பி விட்டுச் சென்ற பொருள் அது. இன்று மாலையே அந்தக் கொப்பியை எடுத்து, கடைசியாக ஒயில் மாற்றிய திகதி எது என்று தேடிப் பாருங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.