ஓர் இரவு வாடகையில் ஊரின் பங்கு எவ்வளவு?

சில வாரங்களுக்கு முன்னர் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது, என்னிடம் முன்பு படித்த வாலிபன் ஒருவன் கையில் கோப்போடு காத்து நின்றான். அறுகம்பையில் வெளிநாட்டுக்காரருக்கு சேர்பிங் பழக்குபவன். "சேர், இத ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்க. வாப்பா ஓமெண்டு சொல்லிட்டாரு. உம்மாக்குத்தான் மனமில்ல" என்றான்.

பன்னிரண்டு பக்க ஆங்கில ஒப்பந்தம். கடலோரமாக இருக்கும் அவர்களுடைய இரண்டு ஏக்கர் தென்னங்காணியை ஒரு கம்பனி முப்பது வருடக் குத்தகைக்குக் கேட்கிறது. கட்டப்போவது மாடி ஹோட்டல் அல்ல. கூடாரங்கள். ஒவ்வொரு கூடாரத்துக்கும் சிறிய நீச்சல் தடாகம், காலையில் குமன காட்டுக்கு ஜீப், மாலையில் கடல். இன்று தெற்காசியாவில் சாகசப் பயணம் தேடும் பணக்காரப் பயணிகளுக்காக எழும்பும் தங்குமிடங்கள் பெரும்பாலும் இந்த மாதிரிதான். அறைகள் குறைவு, வாடகை அதிகம், மின்விளக்கும் குறைவு. இருட்டுக்கும் அமைதிக்கும்தான் அவர்கள் காசு கொடுக்கிறார்கள்.

அந்த ஒப்பந்தத்தை வாசித்து முடித்ததிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. ஓர் இரவுக்குச் சில நூறு டொலர்கள் கொடுத்து ஒருவர் வந்து தங்குகிறார் என்றால், அவர் எதை வாங்குகிறார்? கட்டிலையும் மெத்தையையும் கொழும்பிலேயே வாங்கலாம். இங்கே அவருக்கு விற்கப்படுவது கடல், களப்பு, சிறுத்தை, யானை, காலையில் தோணி தள்ளும் மீனவர். இவற்றில் ஒன்றுகூட அந்தக் கம்பனிக்குச் சொந்தமில்லை. அப்படியென்றால் வாடகையில் ஒரு பங்கு ஊருக்கு வருவது தர்மமல்ல, ஊரின் உரிமை. அந்த உரிமையை எழுதி வைத்த நாடுகள் எங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன.

பூட்டானை எடுத்துக்கொள்ளுங்கள். 1974இல்தான் அந்த நாடு வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கதவைத் திறந்தது. திறக்கும்போதே கொஞ்சப் பேர் வந்தால் போதும், வருபவர்கள் கூடுதலாகச் செலவு செய்யட்டும் என்று முடிவெடுத்தார்கள். 2004இல் அமன்கோரா போன்ற அதிசொகுசு விடுதிகள் வரத் தொடங்கியபோதும் அந்தக் கொள்கை மாறவில்லை. எந்த ஹோட்டலில் தங்கினாலும், ஹோட்டல் வாடகைக்கு வெளியே, ஒவ்வோர் இரவுக்கும் அரசாங்கத்துக்கு ஒரு கட்டணம் கட்ட வேண்டும். நீண்ட காலமாக 65 டொலராக இருந்த அதை 2022 செப்டம்பரில் 200 டொலராக உயர்த்தினார்கள். ஆட்கள் வரவு குறைந்து, சிறிய ஹோட்டல்காரரும் வழிகாட்டிகளும் தவித்தபோது அடுத்த வருடமே 100 டொலராக இறக்கினார்கள். இந்தியர்களுக்கு மட்டும் 1,200 நுல்ட்ரம். அந்தப் பணம் இலவச வைத்தியத்துக்கும் கல்விக்கும் உதவுகிறது. அவர்கள் அளவைத் தவறாகக் கணித்தார்கள், திருத்தினார்கள். ஆனால் பங்கு கேட்பதை நிறுத்தவில்லை.

நேபாளத்தின் கதை இன்னும் எங்களுக்கு நெருக்கமானது. சித்வான் காட்டில் 1960களிலேயே டைகர் டொப்ஸ் என்ற புகழ்பெற்ற விடுதி யானைச் சவாரியோடு ஆரம்பமாகிவிட்டது. 1973இல் அந்தக் காடு தேசியப் பூங்காவானது. அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த தாரு மக்கள் விறகுக்கும் புல்லுக்கும் காட்டுக்குள் போவது குற்றமாகிவிட்டது. வெளிநாட்டுக்காரர் காட்டின் நடுவில் உறங்கலாம், பக்கத்துக் கிராமத்தவன் புல் அறுத்தால் தண்டனை. இந்த அநியாயத்தைச் சரிசெய்ய இரண்டு வேலைகள் நடந்தன. ஒன்று, 1990களில் சட்டத்தைத் திருத்தி, பூங்காவின் வருமானத்தில் 30 முதல் 50 வீதம் வரை சுற்றியுள்ள கிராமங்களின் அபிவிருத்திக்குப் போக வேண்டும் என்று எழுதினார்கள். அதைச் செலவு செய்வது கிராமத்தவர்கள் தாங்களே அமைத்த குழுக்களின் மூலம். பாடசாலை, பாதை, யானை வராமல் தடுக்கும் வேலி என்று அது போகிறது. மற்றையது, 2012இல் பூங்காவுக்குள்ளே இருந்த விடுதிகளின் அனுமதியைப் புதுப்பிக்காமல் அவற்றை எல்லைக்கு வெளியே வரச் செய்தார்கள். வெளியே வந்த விடுதிகளும் ஊரவர்களின் சிறு விடுதிகளும் இப்போது ஒரே எல்லையில் நிற்கின்றன. 2009இல் 121 ஆக இருந்த நேபாளத்தின் புலிகள் 2022இல் 355 ஆகின. புலி பெருகினால் ஆபத்தும் பெருகும். கிராமத்தவர்கள் தாக்கப்படுவதும் நடக்கிறது. ஆகவேதான் புலியோடு வாழ்பவனுக்குப் பங்கு என்பது நியாயமாகிறது.

மாலைதீவைச் சொல்லாமல் விட்டால் எங்கள் வாசகர்கள் விடமாட்டார்கள். முழு முஸ்லிம் நாடு. 1972இல் முதலாவது ரிசோர்ட் திறந்த நாளிலிருந்து ஒரு தீவுக்கு ஒரு ரிசோர்ட் என்று, மக்கள் இல்லாத தீவுகளில் வெளிநாட்டவரை வைத்தார்கள். மார்க்கத்துக்கும் பாதுகாப்பு, டொலருக்கும் குறையில்லை என்பது கணக்கு. ஆனால் மக்கள் வாழும் தீவுகளில் இருந்தவர்களுக்கு அந்த ரிசோர்ட்டுகளில் வேலைக்குப் போய் மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்திருப்பதைத் தவிர வேறு வழி குறைவாக இருந்தது. சுமார் 2010அளவில்தான் ஊர்களுக்குள்ளும் சிறு விடுதிகளுக்கு இடம் கொடுத்தார்கள். மாஃபுஷி போன்ற தீவுகளில் சாதாரணக் குடும்பங்கள் நாலு அறை, ஐந்து அறை என்று கட்டின. அங்கே மதுபானம் இல்லை. குளிக்கும் கடற்கரை வேறாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் பயணிகள் வந்தார்கள், இன்றும் வருகிறார்கள். மது இல்லாவிட்டால் வெள்ளைக்காரன் வரமாட்டான் என்று எங்கள் ஊரில் சிலர் அடித்துச் சொல்கிறார்கள். மாஃபுஷியை அவர்கள் ஒருக்கா பார்த்துவிட்டு வரலாம். பசுமை வரியிலும் வித்தியாசம் வைத்தார்கள். 2025 ஜனவரியிலிருந்து ரிசோர்ட்டில் தங்குபவர் நாளொன்றுக்கு 12 டொலர், ஊர்த் தீவின் சிறு விடுதியில் தங்குபவர் 6 டொலர்.

இனி எங்கள் நாட்டுக்கு வருவோம். யாலவின் எல்லையில், பலட்டுபானவில், காடும் கடலும் சந்திக்கும் இடத்தில் 2017இல் வைல்ட் கோஸ்ட் என்ற கூடார விடுதி திறக்கப்பட்டது. கட்டட அழகுக்காக உலக அளவில் பேசப்பட்ட இடம். உள்நாட்டுக் கம்பனி ஒன்றின் முயற்சி என்பதில் பெருமைப்படலாம். அங்கிருந்து சில மைல் தூரத்தில்தான் மலாய் முஸ்லிம்கள் வாழும் கிரிந்த மீனவர் ஊர். அந்தச் சுற்றுவட்டாரத்து ஜீப் சாரதிகளுக்குப் பிழைப்பு இருக்கிறது, உண்மை. ஆனால் நேபாளத்தைப் போல யாலவின் நுழைவுக் கட்டணத்தில் இத்தனை வீதம் கிரிந்தவுக்கும் பக்கத்துச் சிங்களக் கிராமங்களுக்கும் என்று எழுதி வைத்த சட்டம் எங்களிடம் இல்லை.

எங்களிடம் இருப்பது இரண்டு ஒரு வீதங்கள். சுற்றுலாத்துறையில் பதிவு செய்த நிறுவனங்கள் தங்கள் விற்பனையில் 1 வீதத்தை தேசிய நிதியத்துக்குக் கட்ட வேண்டும். அது கொழும்புக்குப் போகிறது. மற்றது, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க பிரதேச சபைகள் சட்டத்தின்படி, அப்படிப் பதிவு செய்த ஹோட்டல்களிடமிருந்து முந்திய வருட வருமானத்தில் 1 வீதம் வரை அனுமதிக் கட்டணமாகப் பிரதேச சபை அறவிடலாம். இது ஊரிலேயே நிற்கக்கூடிய பணம். எங்கள் கரையோரப் பிரதேச சபைகளின் உறுப்பினர்கள் எத்தனை பேர் ஒரு ஹோட்டலின் வருமானக் கணக்கைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்? தேர்தல் மேடையில் இதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

காணிதான் எல்லாவற்றுக்கும் அடி. 2004 சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்றார்கள். அதே காலத்தில் அறுகம்பைக்கென்று வரைந்த அபிவிருத்தித் திட்டத்தில் கரையோரம் ஹோட்டல்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. மீனவனுக்கு ஆபத்தான கரை உல்லாசப் பயணிக்கு ஆபத்தில்லையா என்று எங்கள் ஊரவர்கள் வீதிக்கு இறங்கினார்கள். கட்டுப்பாடு பின்னர் தளர்ந்தது. அன்று குடிசையும் நாலு அறையும் வைத்திருந்தவர்கள் திரும்பக் கட்டினார்கள், உல்லை இன்று உல்லையாக இருப்பது அவர்களால்தான். கொஞ்சம் தெற்கே பாணமையில் சிங்களக் குடும்பங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இருக்கவில்லை. 2010இல் ராகம்வெல, சாஸ்திரவெலவிலிருந்து அவர்கள் விரட்டப்பட்டார்கள். காணியைத் திருப்பிக் கொடுக்க 2015 பெப்ரவரியில் அமைச்சரவை முடிவெடுத்த பின்னரும் அவர்கள் பல வருடம் போராட வேண்டியிருந்தது. இதை இனப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பவர்கள் பாணமைக்குப் போய் அந்தத் தாய்மாரோடு பேசிப் பார்க்க வேண்டும்.

இப்போது யாரும் விரட்டுவதில்லை. குத்தகைக்குக் கேட்கிறார்கள். 2014ஆம் ஆண்டின் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி விற்பதைத் தடுக்கிறது, நீண்ட காலக் குத்தகையைத் தடுக்கவில்லை. கஷ்டத்தில் இருக்கும் குடும்பத்துக்கு முற்பணம் பெரிய தொகையாகத் தெரிகிறது. 2024 ஒக்டோபர் 23ஆம் திகதி அமெரிக்கத் தூதரகம் அறுகம்பையைத் தவிர்க்கும்படி தன் பிரஜைகளுக்கு அறிவித்தபோது, ஓர் அறிவித்தலோடு ஊரின் பிழைப்பு எப்படி ஆடிப்போகும் என்று கண்டோம். அந்த மாதிரி ஒரு மாதத்துக்குப் பிறகு வரும் குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்து வைக்க எவருக்கும் கை துடிக்கும்.

ஓர் ஆசிரியனாக எனக்கு இன்னொரு கவலை உண்டு. மே மாதம் தொடங்கினால் என் உயர்தர வகுப்பில் பையன்களின் வாங்குகள் வெறுமையாகும். சேர்பிங் பருவம் ஒக்டோபர் வரை. பரீட்சை அண்மைய வருடங்களில் நவம்பரில். கேட்டால், "பாடம் படிச்சு ஆர் சேர் சம்பாரிச்சான்" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். ஆனால் பதினெட்டு வயதில் பலகை தூக்குபவன் முப்பத்தைந்து வயதில் என்ன செய்வான்? பெரிய விடுதிகளில் நல்ல சம்பளமும் பத்து வீத சேவைக் கட்டணப் பங்கும் கிடைக்கும் இடங்களுக்கு, பயிற்சி முடித்த பிள்ளைகள் வேறு மாவட்டங்களிலிருந்து வருகிறார்கள். 1964இல் ஆரம்பித்த அரச ஹோட்டல் பாடசாலை இன்றும் நடக்கிறது. எங்கள் பிள்ளைகள் அங்கே போகாததற்கு மதுபானம் ஒரு காரணம். அதில் எது கூடும், எது கூடாது என்பதை உலமாக்கள் சொல்லட்டும். ஆனால் இந்தத் துறை முழுவதும் மதுச்சாலை அல்ல. அனுமதி பெற்ற வழிகாட்டி, பறவைகளைப் பெயர் சொல்லிக் காட்டுபவர், படகோட்டி, கணக்காளர், மீனும் மரக்கறியும் கொடுப்பவர் என்று எத்தனையோ இருக்கின்றன. பொத்துவில் களப்பில் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தினர் பயணிகளைத் தோணியில் ஏற்றிக் கண்டல் காட்டைச் சுற்றிக் காட்டினார்கள். அதற்கு மது தேவைப்படவில்லை. அந்த மாதிரி இன்னும் பத்து முயற்சிகள் ஏன் வரவில்லை என்று எங்கள் பள்ளிவாசல் நிர்வாகங்களும் சங்கங்களும் இருந்து பேசலாம்.

அந்தக் கோப்பை நானும் அவனும் ஒரு சட்டத்தரணியிடம் கொண்டுபோனோம். காணியில் ஒரு ஏக்கர்தான் உறுதிக் காணி. மற்றது அவனுடைய மூத்தவாப்பாவுக்குக் கிடைத்த அனுமதிப்பத்திரக் காணி. பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் அதைக் குத்தகைக்குக் கொடுக்கவே முடியாது என்று சட்டத்தரணி சொன்னார். பன்னிரண்டு பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. நாங்கள் மூன்று விடயங்களைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டோம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை குத்தகையை அறை வாடகைக்கு ஏற்பத் திருத்துவது. வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஊரவருக்கு முதலிடம், பயிற்சிச் செலவு கம்பனியுடையது. மூன்றாவது, காணிக்கு ஊடாகக் கடலுக்குப் போகும் தோணிப் பாதையை மூடக்கூடாது.

பதில் போன கிழமை வந்தது. குத்தகையைக் கொஞ்சம் கூட்டித் தருவார்களாம். வேலை விடயத்தைக் கவனத்தில் எடுப்பார்களாம். பாதையைப் பற்றி எதுவும் எழுதவில்லை. வாப்பா இன்னும் கையெழுத்து வைக்கவில்லை.