எண்ணெய் கசியும் கார்களும் எட்ட நிற்கும் நாமும்

இலக்கியம் பேசும் இடத்தில் கார் எஞ்சினுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும். வண்டி நின்ற இடத்தில் நான்கு சொட்டுக் கறுப்பு எண்ணெயைக் கண்டதும் நம்மில் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறோம். பட்டறையில் சொல்வதை மறுகேள்வியின்றி ஏற்கிறோம். அல்லது வண்டியையே எடைக்குப் போட்டுவிடுகிறோம். தானே குனிந்து பார்ப்பது என்ற மூன்றாவது வழியும் உண்டு. படித்தவர்கள் அதைக் கைவிட்டது ஏன் என்பதே என் கேள்வி.

அம்பாசிடரையே எடுத்துக்கொள்வோம். வங்காளத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த இந்த வண்டி, இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்தது. 2014 மே மாதத்தோடு அதன் உற்பத்தி நின்றது. நெடுங்காலம் அதைச் சுமந்தது பி.எம்.சி. வடிவமைத்த 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். கசிவுக்குப் பெயர்போன எஞ்சின் அது. ஆனால் கண்ட இடத்திலெல்லாம் கசிவதில்லை. அதற்கென்று சில இடங்கள் உண்டு. மேலே டேப்பெட் கவரின் கார்க் பாக்கிங், பக்கவாட்டில் இரண்டு தகட்டு மூடிகள், கீழே ஆயில் சம்ப், முன்னும் பின்னும் கிராங்க் தண்டின் முனைகள்.

தரையில் சொட்டு விழும் இடம் கசிவு தொடங்கும் இடமன்று. எண்ணெய் கீழ்நோக்கி வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். ஆகவே முதல் வேலை துடைப்பது. ராஜபாளையம் நூற்பாலைகளின் கழிவுப் பஞ்சு நம் பக்கத்துப் பட்டறைகளுக்குப் புதிதன்று. ஆறிய எஞ்சினை மண்ணெண்ணெயும் பஞ்சும் கொண்டு துடைத்து உலரவிட்டு, ஐயமுள்ள இணைப்புகளில் முகப்பவுடரைத் தூவிவிட வேண்டும். சற்று நேரம் ஓடவிட்டு நிறுத்திப் பார்த்தால், பவுடர் எங்கே முதலில் ஈரமாகிறதோ அங்கேதான் ஊற்று. இதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை, பொறுமை போதும்.

டேப்பெட் கவர்தான் என்று தெரிந்துவிட்டால், அந்த எஞ்சினில் அதைப் பிடித்திருப்பவை இரண்டே நட்டுகள். பழைய கார்க்கைச் சுரண்டி எடுத்து, இரு பரப்புகளையும் சுத்தமாக்கி, புதிய பாக்கிங்கை அமர்த்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும். கசிகிறதே என்று நட்டை மேலும் மேலும் முறுக்குவதுதான் இங்கே பலரும் செய்யும் கேடு. கார்க் பிதுங்கிக் கிழியும், தகடு வளையும், கசிவு கூடும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயு வெளியேற, எஞ்சினில் ஒரு மூச்சுக்குழாய் உண்டு. அது கசடால் அடைபட்டால் உள்ளே அழுத்தம் கூடி, எண்ணெய் கிடைத்த இடுக்கில் பிதுங்கும். என் வண்டிக்கு ஒரு பட்டறையில் இருமுறை பாக்கிங் மாற்றி, மேலே சிலிக்கான் பசையும் பூசினார்கள். குழாயை யாரும் கழற்றிப் பார்க்கவில்லை. கழற்றிச் சுத்தம் செய்த பிறகுதான் கசிவு அடங்கியது. மூச்சை அடைத்துவிட்டு வாயைத் தைப்பதால் என்ன பயன்?

எல்லாவற்றையும் வீட்டில் செய்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. கிராங்க் தண்டின் பின்முனைக் கசிவுக்கு கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அது பட்டறை வேலை. அந்த எஞ்சினில் அங்கே ரப்பர் சீலே கிடையாது. தண்டில் வெட்டிய திருகு வரிகள்தாம் எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்புகின்றன. ஓரிரு சொட்டு அங்கே இயல்பு. இதை அறிந்தவர், வீண் செலவுக்குத் தலையாட்ட மாட்டார். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுப்பதும் கூடாது. உறுதியான தாங்கிகள் வேண்டும்.

‘பழைய வண்டி சூழலைக் கெடுக்கிறது, ஒழியட்டுமே’ என்பாரும் உளர். அரசின் போக்கும் அதுவே. 15 ஆண்டு கடந்த கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆயிற்று. அவர்கள் வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. சூடான புகைபோக்கிக் குழாயில் விழும் எண்ணெய் புகையும், சமயத்தில் தீயும் பிடிக்கும். தெருவில் சொட்டுவது மழையோடு கண்மாய்க்குப் போகும். எனவேதான் சொல்கிறேன்: வைத்திருப்பவனுக்குக் கடமை உண்டு. கழித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல், அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பதும் அதில் அடக்கம். ஆனால் சிறு பாக்கிங் ஒன்றுக்காக முழு வண்டியையும் உருக்குவது சிக்கனமுமன்று, சூழல் அக்கறையுமன்று. ஆண்டாள் கோயில் தேருக்கு மரச் சக்கரங்களை நீக்கி இரும்புச் சக்கரங்கள் பூட்டிய ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். சக்கரம் பழுதென்று தேரை யாரும் விறகாக்கவில்லை.

பாடநூல்களில் நாம் எழுதும் ‘மசகு எண்ணெய்’ அகராதிக்காரர் செய்த சொல்லன்று. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டியச்சுக்கு இட்ட மசகிலிருந்து வந்தது. மாடும் வண்டியும் வைத்திருந்தவர் மசகு போட ஆள் தேடவில்லை. கையில் கறை படிவதை இழிவென்றும் எண்ணவில்லை. சொல்லை நாம் காப்பாற்றிக்கொண்டோம், செயலை விட்டுவிட்டோம். பாட்டின் ஒரு சொல்லுக்கு நான்கு உரை தேடுகிற நமக்கு, ஒரு சொட்டு எண்ணெயின் மூலம் தேடப் பொறுமை இல்லாமல் போவது வியப்புதான். அடுத்த முறை தரையில் கறை கண்டால் உடனே யாரையும் அழைக்காதீர்கள். முதலில் துடைத்துப் பாருங்கள்.